ஸ்ட்ரோலர் வாங்கலாமா? 9,000 ரூபாய் வண்டியும் அம்மாவோட முட்டிவலியும்



குழந்தை பிறந்த வீட்டுல முதல் ஆறு மாசத்துக்குள்ள கண்டிப்பா வர்ற கேள்வி ஒண்ணு இருக்கு. "ஸ்ட்ரோலர் வாங்கலாமா?" ஆன்லைன்ல தேடினா 3,000 ரூபாய்க்கும் இருக்கு, 30,000 ரூபாய்க்கும் இருக்கு. மாசச் சம்பளத்துல வாடகை, பெட்ரோல், பால் பாக்கெட், டயப்பர் எல்லாம் போக மிஞ்சற காசுல இது தேவையா? தேவைன்னா எவ்வளவுக்கு வாங்கலாம்? இன்னைக்கு அந்தக் கணக்கைத்தான் போடப் போறோம்.

முதல்ல ஒரு உண்மையை ஒத்துக்கறேன். நான் சார்ட்டர்டு அக்கவுண்டன்ட். அடுத்தவங்க கணக்குல ஒரு ரூபாய் இடிச்சாலும் கண்டுபிடிச்சிடுவேன். ஆனா என் பையனுக்கு ஸ்ட்ரோலர் வாங்கினப்போ, நம்ம சேனல்ல நான் எதையெல்லாம் செய்யாதீங்கன்னு சொல்றேனோ அதையெல்லாம் வரிசையா செஞ்சேன்.

நான் செஞ்ச தப்பு

எங்க வீடு உத்திரமேரூர்ல. எனக்கு ஆபீஸ் காஞ்சிபுரம். மனைவிக்கு ஒரகடம் பக்கம் வேலை, காலையில கம்பெனி பஸ் ஏறினா திரும்பி வர சாயங்காலம் ஆயிடும். பகல் முழுக்க பையன் எங்க அம்மாகிட்ட. நீங்களும் அப்படித்தான்னா, மேல படிங்க. இது உங்களுக்காகவே எழுதினது.

பையனுக்கு ஏழு மாசம் ஆனப்போ ஆன்லைன்ல ஒரு ஸ்ட்ரோலர் பார்த்தேன். எம்ஆர்பி 13,000, ஆஃபர்ல 9,000. சாம்பல் கலர், கப் வைக்க இடம், செல்போன் வைக்க இடம், பார்க்கவே கார் மாதிரி இருந்தது. "நோ காஸ்ட் இஎம்ஐ, மாசம் 1,500 தான்" என்று போட்டிருந்தது. தட்டிட்டேன்.

வந்த முதல் வாரம் நிறைய போட்டோ எடுத்தோம். அப்புறம் அது ஹால்லயே நின்னுது. நானும் கவனிக்கல.

செப்டம்பர்ல ஆடிட் வேலை முடிஞ்ச ஒரு நாள் சீக்கிரம் வீட்டுக்கு வந்தேன். தெருமுனையில அம்மா நடந்து வந்துட்டு இருந்தாங்க. இடுப்புல பையன், கையில தடுப்பூசி அட்டை. நாலு வீடு நடந்து ஒரு திண்ணையில உட்கார்றாங்க, முட்டியைத் தேய்ச்சுக்கறாங்க, மறுபடி எழுந்து நடக்கறாங்க. வீட்டுக்குள்ள போனா, ஸ்ட்ரோலர்ல துவைச்ச துணி மடிச்சு அடுக்கியிருக்கு.

"ஏம்மா, வண்டியில வெச்சு கூட்டிட்டுப் போயிருக்கலாமே?"

"அந்தத் தள்ளுவண்டியை மூணு படி இறக்கறதுக்கு, இவனையே தூக்கிட்டுப் போயிடலாம்டா" என்றார்கள்.

வண்டியோட எடை ஒன்பது கிலோ. அன்னைக்குத்தான் அட்டைப் பெட்டியில போட்டிருந்ததைப் படிச்சேன். யார் தள்ளப் போறாங்கன்னு யோசிக்காமலே ஒரு வண்டியை வாங்கியிருக்கேன்.

"நோ காஸ்ட்" இஎம்ஐக்கு எவ்வளவு காஸ்ட்?

சரி, வாங்கினதுக்கு உண்மையில எவ்வளவு கொடுத்தேன்? வாங்க, பார்ப்போம்.

நோ காஸ்ட் இஎம்ஐயில பேங்க் வட்டி வாங்காம இருக்கறதில்ல. வட்டி எவ்வளவோ அந்தத் தொகையை விற்கிறவர் முன்கூட்டியே தள்ளுபடியா குறைச்சுடுவார், அவ்வளவுதான். ஆனா அந்த வட்டிக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி இருக்கே, அது உங்க தலையில. ப்ராசஸிங் ஃபீயும், அதுக்கு மேல ஜிஎஸ்டியும் உங்க தலையில.

என் கணக்கு இது. ஆண்டு வட்டி 16 சதவீதம், ஆறு மாசம், மாசம் 1,500.

- மொத்த வட்டி சுமார் ரூ.406. இது தள்ளுபடியில கழிஞ்சிடுது.
- அந்த வட்டிக்கு ஜிஎஸ்டி ரூ.73.
- ப்ராசஸிங் ஃபீ ரூ.199, அதுக்கு ஜிஎஸ்டி ரூ.36.
- கூடுதலா போனது ரூ.308.

இதோட முடியல. மொத்தமா ஒரே தடவையில கட்டியிருந்தா 450 ரூபாய் தள்ளுபடி கிடைச்சிருக்கும். அதையும் விட்டேன். ஆக, 8,550 ரூபாய்க்கு முடிய வேண்டிய பொருளுக்கு 9,308 ரூபாய் கொடுத்தேன். வித்தியாசம் 758 ரூபாய். தொகை சின்னதா தெரியலாம். ஆறு மாசக் கடனுக்கான செலவா பார்த்து ஆண்டு வட்டியா மாத்தினா, 30 சதவீதத்தை ஒட்டி வருது. இந்த வட்டிக்கு யாராவது கடன் தர்றேன்னா நீங்க வாங்குவீங்களா?

ரிசர்வ் வங்கி 2013-லேயே இந்த பூஜ்ய சதவீத இஎம்ஐ திட்டங்களைப் பத்தி வங்கிகளுக்கு சுற்றறிக்கை அனுப்பியிருக்கு. வட்டியை வேற பேர்ல மறைச்சு வைக்கறாங்க, வாடிக்கையாளருக்கு வெளிப்படையா தெரியறதில்லைங்கறதுதான் விஷயம்.

இன்னொண்ணு. எம்ஆர்பி 13,000-ங்கறதை மறந்துடுங்க. 4,000 ரூபாய் மிச்சம் பண்ணினதா நினைக்காதீங்க. உங்க அக்கவுண்ட்ல இருந்து எவ்வளவு போகுதோ அதுதான் விலை. இதுக்கு 80சி-ல கழிவு உண்டான்னு கேட்காதீங்க, கிடையாது!

ஒரு தடவைக்கு எவ்வளவு?

எந்தப் பொருளா இருந்தாலும் இந்த ஒரு சூத்திரத்தை வெச்சுக்கோங்க: வாங்கின விலை, கூட்டல் ரிப்பேர், கழித்தல் திரும்ப வித்த விலை. வர்றதைப் பயன்படுத்தின தடவைகளால வகுங்க.

என் முதல் வண்டி: 9,308-க்கு வாங்கி, 3,500-க்கு வித்தேன். நிகரச் செலவு 5,808. பயன்படுத்தினது 14 தடவை. ஒரு தடவைக்கு 415 ரூபாய். உத்திரமேரூர்ல இருந்து காஞ்சிபுரம் போய் வந்து, நடுவுல டிபனும் சாப்பிடலாம்.

இரண்டாவது வண்டி: செகண்ட் ஹேண்ட், 2,800 ரூபாய். ஒரு சக்கரம் சரி பண்ண 150. பையன் இரண்டு வயசு வரைக்கும், வாரம் ஐந்து நாள், 14 மாசம். சுமார் 280 தடவை. அப்புறம் 1,500-க்குக் கொடுத்துட்டோம். நிகரச் செலவு 1,450. ஒரு தடவைக்கு 5 ரூபாய் சொச்சம்.

விலை குறைவு மட்டும் இதுக்குக் காரணம் இல்ல. அம்மாவால அதைத் தள்ள முடிஞ்சுது, தூக்க முடிஞ்சுது. அதனாலதான் 280 தடவை.

வாங்கறதுக்கு முன்னாடி நாலு கேள்வி

1. யார் தள்ளப் போறாங்க? நீங்க ஞாயித்துக்கிழமை மட்டும் தள்ளுவீங்க. மத்த நாள்ல பாட்டியா, மனைவியா? அவங்களையே கடைக்குக் கூட்டிட்டுப் போங்க. ஒரு கையால மடிக்கச் சொல்லுங்க. மடிச்சதை மூணு படி ஏத்தி இறக்கச் சொல்லுங்க. எடை ஆறு, ஏழு கிலோவைத் தாண்டினா யோசிங்க. சிசேரியன் ஆன தாய் என்றால் இன்னும் யோசிங்க.

1965-ல ஓவன் மெக்லாரன்னு ஒரு இங்கிலாந்து விமானப் பொறியாளர், கனமான வண்டியோட பயணம் பண்ணி தன் மகள் படற கஷ்டத்தைப் பார்த்து, விமானத்துக்குப் பயன்படுற அலுமினியத்துல குடை மாதிரி மடியற ஸ்ட்ரோலரை உருவாக்கினார். மூணு கிலோகூட இல்ல. அவர் வண்டியைத் தூக்கறவங்க கஷ்டத்துல இருந்து ஆரம்பிச்சார். நாம கப் ஹோல்டர்ல இருந்து ஆரம்பிக்கறோம்.

2. எந்த ரோடு? சின்ன பிளாஸ்டிக் சக்கரம் மால் தரைக்கு சரி. நம்ம தெருவுல சிமெண்ட் ரோடு முடியற இடத்துல மண், அப்புறம் ஜல்லி, அப்புறம் ஸ்பீட் பிரேக்கர். முன் சக்கரம் மாட்டிக்கிட்டா வண்டி அப்படியே முன்னாடி சாயும். சக்கரம் பெருசா இருந்தா நல்லது. முன் சக்கரத்தைத் திரும்பாம பூட்டற வசதி இருக்கான்னும் பாருங்க.

ஒரு சின்ன சோதனை சொல்றேன். ஒரு வயசுக் குழந்தை சராசரியா ஒன்பதுல இருந்து பத்து கிலோ. பத்து கிலோ அரிசி மூட்டையை சீட்ல வெச்சு பெல்ட் போட்டு, உங்க தெருவுல ஒரு ரவுண்டு தள்ளிப் பாருங்க. ஆன்லைன்ல வாங்கினா, ரிட்டர்ன் தேதிக்குள்ள இதைச் செஞ்சிடுங்க. அதுவரைக்கும் அட்டைப் பெட்டியைத் தூக்கிப் போடாதீங்க.

3. குழந்தைக்கு எத்தனை மாசம்? தலை நிக்காத கைக்குழந்தைக்கு முழுசா படுக்க வைக்கற சீட் வேணும். அப்படிப்பட்ட வண்டி விலையும் எடையும் கூட. அவசரம் இல்லைன்னா ஆறு மாசம் வரைக்கும் காத்திருங்க. தூளியும் மடியும் அதுவரைக்கும் போதும். குழந்தை நல்லா உட்கார ஆரம்பிச்ச பிறகு வாங்கினா, சாதாரண மாடலே போதும். 15 கிலோ வரை தாங்கற வண்டி மூணு வயசை ஒட்டி வரைக்கும் வரும்.

4. நிஜமாவே தேவையா? மாடி வீடு, லிஃப்ட் இல்ல, எங்க போனாலும் பைக்ல தான் போறீங்கன்னா ஸ்ட்ரோலர் வேண்டாம். அந்தக் காசை வேற இடத்துல போடுங்க. மத்திய மோட்டார் வாகன விதிகள்ல 2022-ல செஞ்ச திருத்தப்படி, நாலு வயசுக்குக் கீழ உள்ள குழந்தையை பைக்ல கூட்டிட்டுப் போனா ஓட்டறவரோட சேர்த்துக் கட்டற பாதுகாப்பு பெல்ட் வேணும். ஒன்பது மாசத்துல இருந்து நாலு வயசு வரைக்கும் ஹெல்மெட் வேணும். வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. உங்க குழந்தை தினமும் போறது பைக்லன்னா, முதல் செலவு இதுதான்.

இதுல மட்டும் மிச்சம் பிடிக்காதீங்க

நான் பார்த்த வரைக்கும் 3,000-ல இருந்து 5,000-க்குள்ள நல்ல வண்டி கிடைக்குது. எந்த விலையா இருந்தாலும் இது இருக்கணும்:

- தோள் இரண்டு, இடுப்பு இரண்டு, கால் நடுவுல ஒண்ணு என்று ஐந்து இடத்துல பிடிக்கற பெல்ட்.
- பின் சக்கரம் இரண்டையும் பிடிக்கற பிரேக். சரிவுல நிறுத்திப் பாருங்க.
- விரிச்சதும் தானா மடங்காம இருக்க லாக்.
- லேபிள்ல ஈஎன் 1888 என்ற ஐரோப்பிய பாதுகாப்புத் தர எண் இருந்தா கூடுதல் நிம்மதி.

காய்கறிப் பையை கைப்பிடியில மாட்டாதீங்க. குழந்தையைத் தூக்கின அடுத்த நொடி வண்டி பின்னாடி சாயும். வெயிலுக்குத் துண்டு போட்டு மொத்தமா மூடாதீங்க. உள்ள காத்து போகாம சூடு ஏறிடும்.

செகண்ட் ஹேண்ட் வாங்கலாமா?

தாராளமா வாங்கலாம். ஸ்ட்ரோலர் தேயறதுக்கு முன்னாடி குழந்தை வளர்ந்துடுது. அலுவலக வாட்ஸ்ஆப் குரூப், ஓஎல்எக்ஸ், சொந்தக்காரங்க வீட்டுப் பரண் எல்லாத்துலயும் தேடுங்க. புது விலையில மூணுல ஒரு பங்குக்கு மேல கொடுக்காதீங்க.

ஆனா நேர்ல பார்க்காம பணம் அனுப்பாதீங்க. பெல்ட் கிளிப் "டிக்"னு பூட்டுதா, பிரேக் பிடிக்குதா, ஃபிரேம்ல விரிசல் இருக்கா, பாருங்க. முக்கியமா கீல். மேல சொன்ன மெக்லாரன் பேர்ல இருக்கற கம்பெனியே 2009-ல அமெரிக்காவுல சுமார் பத்து லட்சம் ஸ்ட்ரோலரைத் திரும்பப் பெற வேண்டி வந்தது. விரிக்கும்போது கீல்ல குழந்தைங்க விரல் மாட்டி நுனி துண்டான சம்பவங்கள்தான் காரணம். பெரிய பிராண்டுக்கே அந்த நிலைமை. அதனால எந்த வண்டியா இருந்தாலும், விரிக்கும்போதும் மடிக்கும்போதும் குழந்தை பக்கத்துல இருக்கக் கூடாது.

புதுசு வாங்கினா பில் கேளுங்க. எம்ஆர்பியில வரி எல்லாம் சேர்ந்துதான் இருக்கும், அதுக்கு மேல ஒரு ரூபாய் கேட்டாலும் கொடுக்க வேண்டாம். பிரச்சினைன்னா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

காசு எப்படிச் சேர்க்கறது?

ரொம்ப சிம்பிள். நல்ல செய்தி தெரிஞ்ச மாசத்துல இருந்து மாசம் 300 ரூபாய் தனியா ஒரு ஆர்டியில போடுங்க. ஸ்ட்ரோலர் தேவைப்பட இன்னும் ஒரு வருஷத்துக்கு மேல இருக்கு. 12 மாசத்துல 3,600 ரூபாய், வட்டி தனி. கடனே வேண்டாம்.

எங்க ஊர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர்ல பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டு இருக்கு. ஆயிரத்து நூறு வருஷம் பழசு. வாரியத்துல இருந்துட்டு கணக்கு காட்டாதவர் பேரை அடுத்த தடவை குடத்துல போடக் கூடாதுன்னு அதுல இருக்கு. சின்ன வயசுல இருந்து அதைப் பெருமையா சொல்லிக்கிட்டு திரியறவன் நான். என் வீட்டு ஹால்ல நின்ன வண்டிக்குக் கணக்கு பார்க்க எனக்கு அஞ்சு மாசம் ஆச்சு.

அந்த அஞ்சு மாசமும் அந்தச் செலவை என் கிரெடிட் கார்டு மட்டும் சுமக்கல. எங்க அம்மாவோட முட்டியும் சுமந்துச்சு. அவங்க ஒரு வார்த்தை சொல்லல, ஏன்னா மகன் ஆசையா வாங்கினது. உங்க வீட்டுலயும் சொல்ல மாட்டாங்க. அதனால கார்ட்ல போடறதுக்கு முன்னாடி, குழந்தையைப் பகல்ல பார்த்துக்கறவங்ககிட்ட நீங்களே ஒரு தடவை கேட்டுடுங்க.