கோழிக்குஞ்சு வளர்ப்பில் முதல் எட்டு வாரம்

புதிதாகக் கோழி வளர்க்க விரும்பும் உழவர் ஒருவர், பொரிப்பகத்திலிருந்து ஒரு நாள் வயதுடைய 50 குஞ்சுகளை வாங்கி வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். பெட்டியைத் திறந்ததும் பஞ்சு உருண்டைகள் போன்ற குஞ்சுகளைக் கண்டு வீட்டார் அனைவரும் மகிழ்கின்றனர். இரவில் குஞ்சுகள் ஓயாமல் கத்துகின்றன. பசியாக இருக்கும் என்று எண்ணிக் கொஞ்சம் குருணையைத் தூவிவிட்டு உறங்கச் செல்கின்றனர். விடிந்து பார்த்தால் அறையின் ஒரு மூலையில் 7 குஞ்சுகள் நசுங்கி இறந்து கிடக்கின்றன. "நோய் வந்துவிட்டது" என்று பதறி, மருந்துக் கடைக்கு ஓடுகிறார் அவர்.

ஆனால் அங்கே நோய் எதுவும் வரவில்லை. குஞ்சுகள் குளிரில் நடுங்கி, ஒன்றின்மேல் ஒன்றாக ஏறி நெரிசலில் மடிந்தன. கடையில் வாங்கிய மருந்து அன்றிரவும் அவற்றைக் காப்பாற்றாது. கடன் வாங்கியோ, சேமிப்பிலிருந்து எடுத்தோ வாங்கிய குஞ்சுகளில் கால் பங்கு இவ்வாறு போய்விட்டால், வரவேண்டிய இலாபமும் போய், "நமக்குக் கோழி ராசியில்லை" என்று தொழிலையே கைவிடுவோர் உண்டு. இது ராசியைப் பொறுத்ததன்று. முதல் எட்டு வாரங்களில் குஞ்சுகளைக் கூர்ந்து பார்க்கக் கற்றுக்கொண்டால் இந்த இழப்பில் பெரும்பகுதியைத் தவிர்க்கலாம்.

தாய்க்கோழியின் வேலை

நம் வீடுகளில் அடைக்கோழி பொரித்த குஞ்சுகளை நாம் கவனித்ததே இல்லை எனலாம். தாய்க்கோழி இறக்கையின் கீழ் 10 அல்லது 12 குஞ்சுகளை அணைத்துச் சூடு தருகிறது. கொத்திக் காட்டித் தீனி தின்னப் பழக்குகிறது. ஈரமில்லாத இடத்தில் படுக்க வைக்கிறது. பருந்தைக் கண்டால் குரல் கொடுக்கிறது. பொரிப்பகக் குஞ்சுக்குத் தாய் இல்லை. ஆகையால் சூடு, தீனி, உலர்ந்த படுக்கை, பாதுகாப்பு ஆகிய நான்கையும் நீங்கள்தாம் தரவேண்டும். குஞ்சு இறந்தால், மருந்தைப் பற்றி எண்ணுமுன் இந்த நான்கில் எது குறைந்தது என்று முதலில் பாருங்கள்.

சூடு சரியாக உள்ளதா?

பிறந்த குஞ்சுக்குத் தன் உடல் சூட்டைத் தானே காத்துக்கொள்ளும் ஆற்றல் முதல் இரண்டு மூன்று வாரங்களில் முழுமையாக இராது. முதல் வாரம் குஞ்சுகள் படுக்கும் இடத்தில் 35 டிகிரி செல்சியஸ் (95 டிகிரி பாரன்ஹீட்) வெப்பம் தேவை. பிறகு வாரத்திற்குச் சுமார் 3 டிகிரி செல்சியஸ் வீதம் குறைத்துக்கொண்டே வரலாம். மார்கழி, தை மாதங்களில் நான்கு வாரம் வரையிலும், கோடையில் இரண்டு மூன்று வாரம் இரவில் மட்டுமாகவும் சூடு தரவேண்டியிருக்கும்.

ஒரு குஞ்சுக்கு 2 வாட் என்ற கணக்கில் 50 குஞ்சுகளுக்கு 60 வாட் இழைபல்புகள் இரண்டு போதும். ஒன்று பழுதானாலும் மற்றது எரியும் என்பதால் ஒரே பெரிய பல்பைவிட இரண்டு சிறிய பல்புகள் நல்லவை. இப்போது கடைகளில் பெரும்பாலும் கிடைக்கும் எல்.இ.டி. விளக்குகள் வெளிச்சம் தருமே தவிரக் குஞ்சுக்கு வேண்டிய சூட்டைத் தரமாட்டா. இழைபல்பு கிடைக்காவிட்டால் அகச்சிவப்புக் கதிர் பல்பை வாங்கலாம். பல்பைத் தரையிலிருந்து ஒன்று முதல் ஒன்றரை அடி உயரத்தில், கூளத்தில் விழாதபடி உறுதியாகக் கட்டவேண்டும். மின்சாரம் தடைபடும் ஊர்களில் தணல் நிரம்பிய கரிச்சட்டியைக் கம்பி வலையால் மூடி வைக்கலாம். ஆனால் மூடிய அறையில் புகையும் நச்சுக் காற்றும் தேங்கினால் குஞ்சுகளுக்கு மட்டுமல்ல, உள்ளே செல்பவருக்கும் ஆபத்து. காற்றுப் போக வழி இருக்கவேண்டும்.

குஞ்சுகளைச் சுற்றி ஒன்றரை அடி உயரமுள்ள தகரம் அல்லது அட்டைத் தடுப்பை வட்டமாக வைத்துவிடுங்கள். 50 குஞ்சுகளுக்கு முதல் சில நாட்களுக்கு நான்கடி விட்டமுள்ள வட்டம் போதும். பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள் வட்டத்தை விரித்துக்கொண்டே போகலாம். வட்டத்திற்கு மூலை கிடையாது. ஆகையால் குஞ்சுகள் மூலையில் நெருக்கி மடிய வழியில்லை.

வெப்பமானி இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். குஞ்சுகளே வெப்பமானி. பல்பின் கீழ் ஒட்டிக் கூடிக் கீச்சிட்டுக் கத்தினால் சூடு போதவில்லை, பல்பைத் தாழ்த்துங்கள். விலகித் தடுப்பை ஒட்டி நின்று, வாயைத் திறந்து மூச்சுவிட்டு, இறக்கையைத் தொங்கவிட்டால் சூடு அதிகம், பல்பை உயர்த்துங்கள். எல்லாம் ஒரே பக்கமாக ஒதுங்கினால் மறு பக்கத்திலிருந்து குளிர்காற்று வீசுகிறது; அங்கே சாக்கைக் கட்டுங்கள். வட்டம் முழுவதும் பரவி, சில தின்றுகொண்டும் சில படுத்தும் இருந்தால் சூடு சரியாக உள்ளது. ஐயமிருந்தால் ஒரு குஞ்சின் பாதத்தை உங்கள் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். பாதம் சில்லென்றிருந்தால் குஞ்சுக்குக் குளிர் என்று அறியலாம்.

இரவு பத்து மணிக்கும் விடியற்காலை நான்கு மணிக்கும் ஒருமுறை எழுந்து பாருங்கள். முதல் வாரத்தில் இந்த இரண்டு பார்வைகள் பல குஞ்சுகளைக் காக்கும்.

தண்ணீரும் தீனியும்

முட்டையின் மஞ்சள் கருவில் மிச்சமிருப்பதை வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டு பிறப்பதால், குஞ்சு இரண்டு நாள் வரை பயணத்தைத் தாங்கும். எனினும் வந்து சேர்ந்தவுடன் முதலில் தண்ணீர் காட்டவேண்டும். சிறிது வெல்லம் கரைத்த, குளிர்ச்சியற்ற தண்ணீரில் ஒவ்வொரு குஞ்சின் அலகையும் மெல்லத் தொட்டு எடுத்தால் அது குடிக்கப் பழகிவிடும். தண்ணீர்த் தட்டில் கூழாங்கற்களைப் போட்டு வைப்பதால் குஞ்சு விழுந்து மூழ்காது, நனைந்து குளிரில் விறைக்கவும் செய்யாது.

முதல் இரண்டு நாள் கூளத்தின்மேல் சாக்கையோ சுருக்கமுள்ள காகிதத்தையோ விரித்து, அதன்மேல் மக்காச்சோள நொய்யைத் தூவுங்கள். வழுவழுப்பான காகிதத்தில் குஞ்சின் கால்கள் வழுக்கி விரிந்து ஊனமாகிவிடும். பிறகு 20 விழுக்காடு புரதமுள்ள குஞ்சுத் தீவனத்தைக் கொடுக்கவேண்டும். வெறும் குருணையும் தவிடும் கொடுத்தால் வயிறு நிறையும். இறகும் சதையும் வளரா. முதல் நாள் மாலையில் கழுத்தின் கீழுள்ள தீனிப்பையைத் தொட்டுப் பாருங்கள். அது மெத்தென்று நிறைந்திருந்தால் குஞ்சு தின்றிருக்கிறது. காலியாக இருக்கும் குஞ்சுகளைத் தட்டின் அருகே விடுங்கள்.

பூசணம் பிடித்த மக்காச்சோளத்தையும் கடலைப் பிண்ணாக்கையும் "வீணாகப் போகிறதே" என்று குஞ்சுகளுக்குப் போடாதீர்கள். 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்திற்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் காரணம் தெரியாமல் மடிந்தன. தீவனத்திலிருந்த பூசணம் பிடித்த கடலைப் பிண்ணாக்கே காரணம் என்று பின்னர் தெரிந்தது. அந்த நச்சிற்கு அஃப்ளாடாக்சின் என்று பெயர். அதனால் கெட்டுப்போன ஈரலை மருந்தால் சீராக்க முடியாது.

உலர்ந்த படுக்கை

இரண்டு அல்லது மூன்று அங்குல உயரத்திற்கு நெல் உமி அல்லது கடலைத் தோலைப் பரப்புங்கள். நாள்தோறும் கிளறிவிட்டு, தண்ணீர்த் தட்டைச் சுற்றி நனைந்த பகுதியை மட்டும் அகற்றி, உலர்ந்த உமியைப் போடவேண்டும். ஒரு கைப்பிடி உமியை இறுக்கிப் பிடித்துவிட்டுக் கையை விரியுங்கள். கட்டியாக நின்றால் ஈரம் அதிகம். பொலபொலவென்று உதிர்ந்தால் சரி. அதேபோல் குஞ்சின் உயரத்திற்குக் குனிந்து சற்று நேரம் மூச்சிழுத்துப் பாருங்கள். உங்கள் கண் கரித்தால், இரவும் பகலும் அங்கேயே இருக்கும் குஞ்சின் கண்ணும் மூச்சுக்குழலும் கெடும்.

மூன்று முதல் ஆறு வார வயதில் குஞ்சுகள் சோர்ந்து, இறகைச் சிலிர்த்துக்கொண்டு நின்று, எச்சத்தில் இரத்தம் தென்பட்டால் அது இரத்தக் கழிச்சல் நோயாகும். இந்நோய்க் கிருமியின் முட்டைகள் ஈரமான கூளத்தில்தான் நோய் உண்டாக்கும் நிலைக்கு முதிர்கின்றன. ஆகையால் கால்நடை மருத்துவர் கூறும் மருந்தைத் தண்ணீரில் கலந்து கொடுக்கும் அன்றே ஈரக் கூளத்தையும் அள்ளி எறியவேண்டும். கூளத்தை மாற்றாமல் மருந்தை மட்டும் கொடுப்பது, ஓட்டைக் குடத்தில் நீர் நிரப்புவதை ஒக்கும்.

வீண் கவலைகள் சில

புதிதாக வளர்ப்போர் நோய் என்று அஞ்சும் சில இயல்பானவை. அவற்றை அறிந்துகொள்வது நல்லது.

1. குஞ்சு கழுத்தை நீட்டித் தரையில் தட்டையாகக் கிடக்கும். தொட்டால் எழுந்து ஓடும். அது உறங்கியது, அவ்வளவுதான்.

2. எச்சத்தின்மேல் வெள்ளையாகத் தொப்பி போன்று படிந்திருப்பது கோழியின் சிறுநீர்க் கழிவாகும். இடையிடையே பழுப்பு நிறத்தில், பிசுபிசுப்பாக, நாற்றத்துடன் வரும் எச்சமும் நோயன்று. அது குடல்வாலிலிருந்து வருவது.

3. சில வாரங்களில் குஞ்சு மண்ணில் புரண்டு, காலையும் இறக்கையையும் உதறும். வலிப்பு வந்ததென்று எண்ணவேண்டாம். மண்குளியல் பேன், உண்ணிகளைப் போக்க அது தானே செய்துகொள்ளும் வேலை.

4. ஆசனவாயில் எச்சம் ஒட்டிக் காய்ந்திருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த பஞ்சால் மெல்ல ஊறவைத்துத் துடைத்துவிடுங்கள். பிய்த்து இழுக்கக் கூடாது. ஒன்றிரண்டு குஞ்சுகளில் இருந்தால் பெரும்பாலும் பயண அயர்ச்சியும் குளிரும்தான் காரணம். பல குஞ்சுகளில் வெள்ளைக் கழிச்சலுடன் இறப்பும் தொடர்ந்தால் மருத்துவரிடம் காட்டவேண்டும்.

5. 100 குஞ்சுகளில் இரண்டு மூன்று முதல் வாரத்தில் இறப்பது நன்கு பராமரித்த இடத்திலும் உண்டு. அதற்கு மேல் போனாலும், நாளுக்கு நாள் கூடினாலும் காரணம் தேடவேண்டும்.

உண்மையான கவலை

கவலைப்பட வேண்டியவற்றுள் முதலானது கோழிக் கழிச்சல் நோயாகும். உத்தரகண்டத்திலுள்ள இராணிக்கேத் என்ற ஊரில் 1927-ல் கண்டறியப்பட்டதால் இராணிக்கேத் நோய் என்றும் கூறுவர். பச்சையும் வெள்ளையுமாகக் கழிதல், மூச்சுத் திணறல், கழுத்து முறுக்கிக்கொள்ளுதல், கால் இறக்கை செயலிழத்தல் ஆகியவை இதன் அறிகுறிகள். வந்தபின் மருந்து இல்லை. வருமுன் தடுப்பதே வழி.

5 முதல் 7 நாள் வயதில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு, நான்காவது வாரத்தில் லசோட்டா தடுப்பு மருந்து குடிநீரில், எட்டாவது வாரத்தில் இறக்கைத் தோலின் கீழ் ஊசி என்று மூன்று முறை தடுப்பு மருந்து அளிக்கவேண்டும். அம்மை, கம்போரோ நோய்களுக்கான தடுப்பு மருந்துகள் உங்கள் பகுதிக்குத் தேவையா என்பதைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

தடுப்பு மருந்தைப் பனிக்கட்டியுடன் குடுவையில் வைத்துக் கொண்டுவரவேண்டும். சட்டைப் பையில் வைத்துக் கொண்டுவந்த மருந்து பயன் தராது. கலக்கிய மருந்தை இரண்டு மணி நேரத்திற்குள் பயன்படுத்திவிட வேண்டும். ஒரு குப்பியிலுள்ள மருந்து நூறு குஞ்சுகளுக்கும் மேல் வரும் என்பதால், பத்து இருபது குஞ்சு வைத்திருப்போர் அண்டை வீட்டாருடன் நாள் குறித்துச் சேர்ந்து போட்டுக்கொண்டால் செலவும் குறையும், தெருவில் நோயும் பரவாது. குடிநீரில் கொடுக்கும்போது குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரைத் தவிர்த்துக் கிணற்று நீரைப் பயன்படுத்துங்கள்.

பகைவர்களிடமிருந்து காப்பு

எலி, பூனை, கீரி, பாம்பு, காக்கை ஆகிய அனைத்தும் குஞ்சைத் தேடி வரும். கொட்டகையின் பக்கங்களில் அரை அங்குலக் கண்ணுள்ள கம்பி வலையை அடித்து, கீழ்ப்பகுதியைத் தரையில் புதைத்துவிடுங்கள். ஆறு வாரத்திற்குப் பிறகு பகலில் மேயவிடும்போதும் முதல் சில நாட்கள் பஞ்சாரத்தில் கவிழ்த்து வைத்து, இடம் பழகியபின் திறந்துவிடுவது நல்லது.

குஞ்சு இறந்தால்

இறந்த குஞ்சைக் குப்பையில் வீசாதீர்கள். நாய் இழுத்துச் சென்று நோயைப் பரப்பும். காரணம் விளங்காவிட்டால், அன்றே இறந்த குஞ்சைப் பாலிதீன் பையில் இட்டு, அருகிலுள்ள கால்நடை மருந்தகத்திற்கோ மாவட்டக் கால்நடை நோய்ப் புலனாய்வுப் பிரிவிற்கோ எடுத்துச் செல்லுங்கள். அறுத்துப் பார்த்துக் கூறும் ஒரு சொல், தெரியாமல் வாங்கும் பத்து மருந்துகளைவிட மேலானது. மற்றவற்றை ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்புத் தூள் தூவிப் புதைக்கவேண்டும்.

ஒரு நோட்டுப் புத்தகத்தில் நாள்தோறும் மூன்று வரி எழுதி வாருங்கள்: எத்தனை குஞ்சு உள்ளது, எவ்வளவு தீவனம் தின்றது, இரவில் எப்படிப் படுத்திருந்தன. தீவனம் குறைந்த நாளைக் கொண்டு, நோய் வெளியே தெரியுமுன்பே அதை உணரலாம். அடுத்த முறை குஞ்சு வாங்கும்போது அந்த நோட்டே உங்களுக்கு வழிகாட்டும்.

எட்டு வாரம் தாண்டிய குஞ்சு இறகு முளைத்து, தடுப்பூசி பெற்று, தானே மேய்ந்து பிழைக்கும் கோழியாகிவிடும். அதுவரை தாய்க்கோழியின் இடத்தில் நீங்கள் இருக்கிறீர்கள். குஞ்சு கத்தினால், மருந்துக் கடைக்குப் புறப்படுமுன் அதன் அருகே அமர்ந்து கால் மணி நேரம் பாருங்கள். குளிரா, பசியா, ஈரமா, அச்சமா என்று அதுவே உங்களுக்குத் தெரிவிக்கும்.