ஜோதிடத்துக்குப் பல்கலைக்கழகப் பட்டமா? நீதிமன்றம் வரை சென்ற நாத்திக விஞ்ஞானி

பிள்ளை பிறந்தால் நேரம் குறிக்கிறோம். திருமணம் என்றால் பத்துப் பொருத்தம் பார்க்கிறோம். தோட்டத்தில் வாழ்ந்த காலத்திலும் சரி, பட்டணத்து அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபெயர்ந்த பிறகும் சரி, பஞ்சாங்கம் நம் வீடுகளை விட்டுப் போகவில்லை. அது அவரவர் நம்பிக்கை. அதில் யாரும் தலையிடுவதில்லை.

ஆனால், அதே ஜோதிடத்தை அரசாங்கமே பணம் ஒதுக்கி, விஞ்ஞானம் என்ற பெயரில் பல்கலைக்கழகத்தில் கற்பிக்க முன்வந்தால் என்ன செய்வது? இந்தியாவில் 2001-ஆம் ஆண்டு இந்தக் கேள்வி எழுந்தது. அதை நீதிமன்றத்துக்குக் கொண்டு சென்றவர்களில் முதன்மையானவர் விஞ்ஞானி புஷ்பா மித்ரா பார்கவா. பெயரைப் பார்த்துப் பெண் என்று நினைத்துவிட வேண்டாம். 1928-இல் இராஜஸ்தானின் அஜ்மீரில் பிறந்த ஆடவர் அவர். கடவுள் நம்பிக்கை இல்லாதவர் என்பதை எங்கும் மறைக்காதவர்.

யார் இந்த பார்கவா?

ஹைதராபாத்தில் இயங்கும் உயிரணு, மூலக்கூறு உயிரியல் ஆய்வு மையத்தை 1977-இல் நிறுவி, அதன் முதல் இயக்குநராக இருந்தவர். இந்திய நீதிமன்றங்களில் மரபணுச் சோதனை ஆதாரமாகப் பயன்படுவதற்கு முன்னோடியாக விளங்கியது இந்த மையம்தான். ஒருவரின் தந்தை யார், குற்றம் நடந்த இடத்தில் கிடைத்த இரத்தம் யாருடையது என்பன போன்ற கேள்விகளுக்கு நீதிபதி நம்பக்கூடிய பதில் சோதனையிலிருந்து வர வேண்டும் என்பது அந்தத் துறையின் அடிப்படை.

விஞ்ஞானக் கூடத்தில் கடைப்பிடிக்கும் இந்த அளவுகோல் பொதுவாழ்விலும் இருக்க வேண்டும் என்று பார்கவா கருதினார். 1964-இல் அறிவியல் மனப்பான்மையை வளர்க்க ஒரு சங்கம் அமைக்கும் முயற்சியில் அவர் ஈடுபட்டார். அறிவு என்பது மனித முயற்சியால் மட்டுமே கிடைப்பது, தெய்வ வாக்கால் அல்ல. மனிதனின் சிக்கல்களை இயற்கைக்கு அப்பாற்பட்ட சக்திகளின் துணையின்றியே எதிர்கொள்ள வேண்டும் என்ற கருத்துடைய உறுதிமொழியில் உறுப்பினர்கள் கையொப்பமிட வேண்டும். விஞ்ஞானிகள் பலரே அதற்கு முன்வரவில்லை என்று பார்கவா பிற்காலத்தில் வருத்தத்துடன் நினைவுகூர்ந்தார்.

சட்டத்தில் நுழைந்த ஒரு சொல்

1976-இல் இந்திய அரசியலமைப்புச் சட்டம் 42-ஆவது முறையாகத் திருத்தப்பட்டபோது குடிமக்களின் அடிப்படைக் கடமைகள் அதில் சேர்க்கப்பட்டன. அறிவியல் மனப்பான்மை, மனிதநேயம், ஆராயும் உணர்வு, சீர்திருத்த உணர்வு ஆகியவற்றை வளர்ப்பது அவற்றுள் ஒன்று. 1980-இல் நீலகிரி மாவட்டத்தின் குன்னூரில் அறிஞர்கள் சிலர் கூடி இதைப்பற்றி விவாதித்தனர். அதன் பயனாக 1981-இல் அறிவியல் மனப்பான்மை பற்றிய அறிக்கை ஒன்று வெளியானது. அதில் பார்கவாவுக்கும் பங்கு உண்டு.

இந்தக் கருத்துக்கு எதிர்ப்பு மதத் தரப்பிலிருந்து மட்டும் வந்ததாக எண்ணிவிடக் கூடாது. சமூகச் சிந்தனையாளர் ஆஷிஸ் நந்தி அதே 1981-இல் ஒரு மறுப்பறிக்கை எழுதினார். விஞ்ஞானமும் அதிகாரத்துக்குத் துணைபோகக் கூடியதுதான், அதுவும் விமர்சிக்கப்பட வேண்டும்; சாதாரண மக்களின் நம்பிக்கைகளை வெறும் அறியாமை என்று மேலிருந்து பார்ப்பது தவறு என்பது அவருடைய வாதம். இன்றளவும் கவனத்தில் கொள்ள வேண்டிய வாதம் இது.

வழக்கு என்ன சொன்னது?

2001-இல் இந்தியாவின் பல்கலைக்கழக மானியக் குழு, 'ஜோதிர் விஞ்ஞானம்' என்ற பெயரில் வேத ஜோதிடத் துறைகளைத் தொடங்கப் பல்கலைக்கழகங்களை அழைத்தது. அதற்கு நிதியும் தர முன்வந்தது. பார்கவாவும் வேறு சிலரும் இதை எதிர்த்து ஆந்திரப் பிரதேச உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தனர். அங்கு மனு தள்ளுபடியானது. பின்னர் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றது.

மனுதாரர்களின் வாதத்தை எளிமையாகச் சொன்னால் இதுதான். ஜோதிடம் சோதித்து நிரூபிக்கப்பட்ட அறிவு அல்ல. அதற்கு விஞ்ஞானம் என்று பெயர் சூட்டிப் பொதுப்பணத்தில் கற்பிப்பது அறிவியல் மனப்பான்மைக்கு எதிரானது. கல்வியில் ஒரு மதத்தின் சாயலைப் பூசுவது அரசின் சமயச் சார்பின்மைக்கும் முரணானது.

2004 மே 5-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. அதன் காரணங்களை மூன்றாகச் சுருக்கலாம். எந்தப் பாடத்தைக் கற்பிப்பது என்பதைக் கல்வி வல்லுநர்கள் தீர்மானிக்க வேண்டும். நீதிமன்றம் அந்த இடத்தில் அமர முடியாது. அடுத்து, அந்தப் பாடம் கட்டாயம் அல்ல. விரும்புவோர் மட்டுமே படிக்கலாம். மூன்றாவதாக, ஜோதிடம் கற்பிப்பதாலேயே ஒரு மதம் பரப்பப்படுகிறது என்று ஆகிவிடாது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஜோதிடம் சொல்வது பலிக்கும் என்று நீதிபதிகள் சோதித்துப் பார்த்துச் சான்றிதழ் வழங்கவில்லை. அதைக் கற்பிக்கும் முடிவில் தலையிட மாட்டோம் என்றுதான் சொன்னார்கள். ஆனால், 'ஜோதிடம் விஞ்ஞானம் என்று உச்ச நீதிமன்றமே கூறிவிட்டது' என்று பேசுவோர் இன்றும் உண்டு. தீர்ப்பின் முடிவையும் அதன் காரணத்தையும் பிரித்துப் பார்க்காததால் வரும் குழப்பம் அது.

நம் நாட்டுச் சட்டம்

மலேசியாவின் நிலை வேறு. 1970-இல் அறிவிக்கப்பட்ட ருக்குன் நெகாராவின் முதல் கோட்பாடே இறைவன் மீது நம்பிக்கை வைத்தல். கூட்டரசு அரசியலமைப்பின் 3-ஆவது பிரிவு இஸ்லாத்தைக் கூட்டரசின் சமயமாகக் குறிப்பிட்டு, பிற சமயங்களை அமைதியுடனும் நல்லிணக்கத்துடனும் பின்பற்றலாம் என்கிறது. இந்தியாவின் அறிவியல் மனப்பான்மைக் கடமையை இங்கே அப்படியே பொருத்திப் பார்க்க முடியாது.

ஆயினும், பார்கவா வழக்கில் எழுந்த இரண்டு கேள்விகள் நம் சட்டத்திலும் உள்ளன. யாருடைய பணம் என்பது முதல் கேள்வி. தம்முடையதல்லாத சமயத்துக்கென்றே தனியாக ஒதுக்கப்படும் வரியைச் செலுத்துமாறு எவரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று 11-ஆவது பிரிவு சொல்கிறது. கட்டாயம் உண்டா என்பது இரண்டாவது கேள்வி. தம்முடையதல்லாத சமயத்தின் போதனையைப் பெறுமாறோ அதன் வழிபாட்டில் கலந்துகொள்ளுமாறோ எவரையும் வற்புறுத்தக் கூடாது என்கிறது 12-ஆவது பிரிவு. பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோர் இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. சிங்கப்பூர் அரசியலமைப்பிலும் இவற்றை ஒத்த பாதுகாப்பு 15, 16-ஆவது பிரிவுகளில் உண்டு. அங்கு 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 15 வயதுக்கு மேற்பட்டோரில் சுமார் 20 விழுக்காட்டினர் தங்களுக்குச் சமயம் இல்லை என்று பதிவு செய்துள்ளனர்.

நம்பிக்கையும் ஏமாற்றும்

சட்டம் எங்கே கோடு போட முடியும் என்பதற்கு மகாராஷ்டிரா மாநிலம் ஓர் எடுத்துக்காட்டு. அங்கு மூடநம்பிக்கைக்கு எதிராகப் பல ஆண்டுகள் பாடுபட்ட மருத்துவர் நரேந்திர தாபோல்கர் 2013 ஆகஸ்ட் 20-ஆம் தேதி புனேயில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் வலியுறுத்தி வந்த சட்டம் சில நாள்களிலேயே அவசரச் சட்டமாக வந்து, அதே ஆண்டு டிசம்பரில் சட்டமன்றத்தில் நிறைவேறியது. அது கோயில் வழிபாட்டையோ யாத்திரையையோ தடுக்கவில்லை. பேய் ஓட்டுவதாகச் சொல்லி அடிப்பது, பாம்பு கடித்தவரை மருத்துவமனைக்குப் போகவிடாமல் தடுத்து மந்திரிப்பது போன்ற செயல்களையே குற்றமாக்கியது.

சாமி கும்பிடுவதா வேண்டாமா என்ற விவாதத்தை விட, இந்த வேறுபாடு நமக்குப் பயனுள்ளது. மனநிம்மதிக்காக ஜாதகம் பார்ப்பது ஒன்று. பரிகாரம் என்ற பெயரில் சேமிப்பைப் பறிகொடுப்பதும், நோயாளியை மருத்துவரிடம் அழைத்துச் செல்லாமல் நாள் கடத்துவதும் வேறு. முதலாவதைச் சட்டம் மதிக்க வேண்டும். இரண்டாவதில் பாதிக்கப்படுகிறவரைக் காக்க வேண்டும். பக்தர்களும் நாத்திகர்களும் சேர்ந்தே ஒப்புக்கொள்ளக் கூடிய இடம் இது.

பார்கவா 2015-இல், நாட்டில் பகுத்தறிவுக்கு எதிரான போக்கு வளர்கிறது என்று கூறித் தமது பத்மபூஷண் விருதைத் திருப்பித் தருவதாக அறிவித்தார். 2017 ஆகஸ்ட் 1-ஆம் தேதி ஹைதராபாத்தில் காலமானார். அதற்கு நான்கு ஆண்டுகள் கழித்து, 2021-இல், இந்தியாவின் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் ஜோதிடத்தில் முதுகலைப் படிப்பைத் தொடங்கியது. விஞ்ஞானிகள் சிலர் மீண்டும் எதிர்ப்புத் தெரிவித்தனர். வழக்கில் அவர் தோற்றாலும் அவர் கேட்ட கேள்வி இன்னும் அங்கேயே நிற்கிறது.