பட்டியலில் இல்லாத பெயர்

நுழையும்முன்

கொள்ளைநோய்க் காலத்தில் மருத்துவமனைக்குச் செல்லாத வீடுகளிலும் அடுப்பு அணைந்துபோவதுண்டு. அவ்வேளையில் அரசு வழங்கும் உதவி யாரைச் சென்று சேர்கிறது, யாரைத் தாண்டிச் செல்கிறது என்பதைக் கொரோனாப் பெருந்தொற்றுக் காலப் பட்டறிவைக் கொண்டு இப்பாடம் ஆராய்கிறது.

ஈடு என்னும் கடமை

2020ஆம் ஆண்டு மார்ச் 25 அன்று நாடு முழுவதும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தது. மாதச் சம்பளம் பெறுவோர் பலர் வீட்டிலிருந்தே பணியைத் தொடர்ந்தனர். கட்டடத் தொழிலாளர், சுமைதூக்குவோர், வீட்டுவேலை செய்வோர், நடைபாதை வணிகர் ஆகியோரின் வருவாயோ அன்றே நின்றது. நோய்ப் பரவலைத் தடுக்கும் பொருட்டு அவர்களை வேலைக்குச் செல்ல வேண்டா எனத் தடுத்தது அரசே ஆகும். பிறர் உயிரைக் காக்கத் தம் கூலியை இழந்தோர்க்குச் சமூகம் செலுத்த வேண்டிய ஈடே நிவாரணம். அதை இரக்கத்தால் இடும் கொடையாகக் கருதினால், ‘கிடைத்தவர்க்குக் கிடைத்தது’ என்று அமைந்துவிடலாம். ஈடாகக் கருதினால், விடுபட்டவர் ஒவ்வொருவர்க்கும் விடை கூற வேண்டியிருக்கும்.

பழைய பட்டியல், புதிய துயரம்

நெருக்கடி வந்தபின் வீடுவீடாகச் சென்று வறியவரைக் கணக்கெடுக்க நேரம் இல்லை. எனவே அரசுகள் தம் கையில் முன்பே இருந்த பட்டியல்களையே நாடின. நடுவண் அரசு, ஜன்தன் வங்கிக் கணக்கு வைத்திருந்த பெண்களுக்கு 2020 ஏப்ரல் முதல் மூன்று மாதங்கள் மாதந்தோறும் ரூ.500 செலுத்தியது. விரைவாகச் செய்யத்தக்க செயல்தான். ஆயினும் அக்கணக்கு வறுமையின் அளவுகோல் அன்று. வறிய பெண்கள் பலருக்கு அத்தகைய கணக்கு இல்லை. கணக்கு வைத்திருந்தோர் அனைவரும் வறியரும் அல்லர்.

உணவுப் பட்டியலின் நிலை இன்னும் கூர்ந்து நோக்கத்தக்கது. 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் ஊரக மக்களில் 75 விழுக்காட்டினரையும் நகர்ப்புற மக்களில் 50 விழுக்காட்டினரையும் மானிய உணவுக்கு உரியோராக்கியது. இச்சட்டத்தின் பயனாளிகளுக்கே பெருந்தொற்றுக் காலத்தில் ஆளுக்கு 5 கிலோ தானியம் கூடுதலாக, விலையின்றி வழங்கப்பட்டது. ஆனால், அவர்களின் எண்ணிக்கை 2011ஆம் ஆண்டு மக்கள்தொகையைக் கொண்டு வரையறுக்கப்பட்டிருந்தது. ஒன்பது ஆண்டுகளில் பெருகிய மக்கள்தொகைக்கு அதில் இடம் இல்லை. இவ்வாறு விடுபட்டோர் பத்துக்கோடிக்கும் மேற்பட்டோர் எனப் பொருளியல் அறிஞர்கள் ஜீன் டிரேஸ், ரீத்திகா கேரா ஆகியோர் மதிப்பிட்டனர். நாட்டில் தானியத்திற்குப் பஞ்சம் இல்லை. அரசின் கிடங்குகளில் விதிமுறைப்படி இருக்க வேண்டிய அளவைப்போல் இருமடங்குக்கும் மேலாக இருப்பு இருந்தது. உணவு இருக்கும்போதே, அதைப் பெறும் உரிமை இன்மையால் மக்கள் பட்டினியுறக்கூடும் என்பதை 1981இல் வெளிவந்த தம் நூலில் அமர்த்தியா சென் விளக்கியதை இங்கு எண்ணிப் பார்க்கலாம்.

இருவகைப் பிழைகள்

எந்தப் பட்டியலிலும் இருவகைப் பிழைகள் நேரும். தேவையற்றவரைச் சேர்த்துவிடுவது ஒன்று. தேவையுள்ளவரை விட்டுவிடுவது மற்றொன்று. முதற்பிழையால் அரசின் பணம் சிறிது வீணாகும். அதைப் பின்னர் ஈடுசெய்ய வழியுண்டு. இரண்டாம் பிழையால் ஒரு குடும்பம் பட்டினி கிடக்கும். இவ்விரண்டையும் ஒரே தராசில் நிறுத்தல் தகாது. முதற்பிழையைப் பற்றியே நாளிதழ்களும் திண்ணைகளும் மிகுதியாகப் பேசுகின்றன என்பது வியப்புக்குரியது.

1997இல் நாடெங்கும் வறுமைக் கோட்டின்படி பங்கீட்டு முறை பிரிக்கப்பட்டபோது, தமிழ்நாடு அனைவருக்குமான பொது விநியோகத்தை விடாது தொடர்ந்தது. அதன் பயன் பெருந்தொற்றில் வெளிப்பட்டது. 2020 ஏப்ரலில் அரிசி பெறும் குடும்ப அட்டைகளுக்கு ரூ.1000 வழங்கப்பட்டது. 2021 மே, ஜூன் மாதங்களில் ஏறத்தாழ 2.07 கோடி அட்டைகளுக்கு இரு தவணைகளில் ரூ.4000 வழங்கப்பட்டது, 14 வகை மளிகைப் பொருள்கள் அடங்கிய தொகுப்பும் தரப்பட்டது. கூட்டத்தைத் தவிர்க்க நாளும் நேரமும் குறித்த டோக்கன்கள் வீடுதேடி வந்தன. வறியவரைத் தேடிப் பிரிக்கும் வேலை இல்லாமையால் பணம் விரைந்து சேர்ந்தது. வசதியுள்ளோர் சிலரும் வரிசையில் நின்று பெற்றிருப்பர். விரைவுக்குத் தந்த விலையாக அதைக் கொள்ளலாம்.

இம்முறையிலும் குறை இல்லாமல் இல்லை. தனித்து வாழும் மூதாட்டியின் அட்டைக்கும் எட்டுப்பேர் உண்ணும் வீட்டின் அட்டைக்கும் தொகை ஒன்றே. தானியமோ ஆளுக்கு இவ்வளவு எனக் கணக்கிடப்பட்டது. இவ்வகையில் அது நேர்மை மிக்கது. குடும்பத்தை விட்டு வெளியேற்றப்பட்ட திருநங்கையர் பலருக்குத் தனி அட்டை இல்லை. ‘குடும்பம்’ என்னும் சொல்லே அவர்களை விலக்கிவிட்டது. அட்டை இல்லாத மூன்றாம் பாலினத்தவர்க்கும் ரூ.2000 வழங்க 2021இல் அரசு ஆணையிட்டது.

எல்லை கடந்தோர்

இவர்கள் அனைவரினும் மிகுதியாக இடர்ப்பட்டோர் புலம்பெயர் தொழிலாளர். திருப்பூரில் பின்னலாடை தைக்கும் ஒடிசா இளைஞரின் பெயர் அவர் ஊர்ப் பட்டியலில் இருக்கலாம். பசியோ திருப்பூரில் இருந்தது. அட்டை இல்லாத புலம்பெயர்ந்தோர் 8 கோடிப் பேருக்கு இரு மாதங்கள் விலையில்லாத் தானியம் வழங்கப்படும் என நடுவண் அரசு அறிவித்த நாள் 2020 மே 14. அதற்குள் ஊரடங்கு தொடங்கி 50 நாள்கள் கடந்திருந்தன. பலர் நெடுஞ்சாலைகளில் கால்நடையாகவே ஊர் திரும்பிக்கொண்டிருந்தனர்.

எந்த மாநில அட்டையையும் எம்மாநிலத்திலும் பயன்படுத்தத்தக்க ‘ஒரே நாடு ஒரே குடும்ப அட்டை’ திட்டத்தில் தமிழ்நாடு 2020 அக்டோபரில் இணைந்தது. எஞ்சிய மாநிலங்கள் 2021 ஜூலை 31க்குள் இணைய வேண்டும் என உச்சநீதிமன்றம் அவ்வாண்டு ஜூன் 29 அன்று தீர்ப்பளித்தது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் பயனாளிகள் எண்ணிக்கையை மீண்டும் வரையறுக்கும் பணியை மேற்கொள்ளுமாறும் நடுவண் அரசைப் பணித்தது. அப்பணிக்கு அடிப்படையாகத் தக்க புதிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2021இல் நடைபெற வேண்டியது. அதே பெருந்தொற்றினால் அதுவும் தள்ளிப்போயிற்று.