இணையவழி விற்பனையும் வங்கிக் கணக்கின் பாதுகாப்பும்

வன்னிப் பெருநிலத்துக் கமக்காரர் தம் விளைபொருள்களைச் சந்தையிலும் களத்திலும் மட்டுமன்றிக் கைத்தொலைபேசி வாயிலாகவும் விற்கும் வழக்கம் இப்பொழுது பரவி வருகின்றது. கிளிநொச்சியில் அறுவடை செய்த நெல்லையோ, வவுனியாவிற் பறித்த கத்தரி, வெண்டி, பூசணி ஆகியவற்றையோ, முல்லைத்தீவிற் பிடுங்கிய நிலக்கடலையையோ படம்பிடித்து முகநூலிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் இட்டால், தம்புள்ளையிலும் கொழும்பிலும் உள்ள கொள்வனவாளர் நேரே விலை பேசுகின்றனர். தரகுக் கூலி குறைதலால் இம்முறை நன்மை தருவதே. எனினும், முகமறியாத ஒருவரோடு செய்யும் வியாபாரத்தில் ஓர் இடர் உண்டு. விளைபொருள் களவு போவதிலும் பார்க்க, வங்கிக் கணக்கே வெறுமையாகிவிடுதல் பெருநட்டமாகும்.

பெரும்பாலான கமக்காரர் ஒரே சேமிப்புக் கணக்கையே எல்லாவற்றிற்கும் பயன்படுத்துகின்றனர். நெல் விற்ற காசும், பயிர்க்கடனும், அரசாங்கம் வழங்கும் உரமானியமும் அதிலேயே சேர்கின்றன. 2024/25 பெரும்போகத்தில் ஹெக்ரேயர் ஒன்றிற்கு 25,000 ரூபா வீதம் நெற்செய்கைக்கான உரமானியம் வங்கிக் கணக்குகளிலேயே இடப்பட்டது. அத்தகைய கணக்கு பறிபோனால், அடுத்த போகத்து விதைநெல்லுக்கும் உழவு கூலிக்கும் கையில் ஒன்றும் எஞ்சாது.

பணம் பெறுவதற்கு வேண்டியவை

பணம் அனுப்ப விரும்பும் ஒருவருக்கு நான்கு விபரங்களே போதுமானவை. அவை கணக்கு உரிமையாளரின் பெயர், வங்கியின் பெயர், கிளையின் பெயர், கணக்கிலக்கம் என்பன. இவற்றிற்கு மேலாக ஒருவர் யாது கேட்பினும், அவர் பணம் அனுப்புவதற்காகக் கேட்கவில்லை என்று உணர்தல் வேண்டும்.

இதனை இரணைமடுக் குளத்தைக் கொண்டு எளிதில் விளங்கிக்கொள்ளலாம். அக்குளத்திற்குக் கனகராயன் ஆறு நீரைக் கொண்டுவருகின்றது. நீர் வந்து சேருவதற்கு எவரும் துருசைத் திறப்பதில்லை. துருசைத் திறந்தால் நீர் வெளியேறும். வங்கிக் கணக்கும் அவ்வாறானதே. இரகசிய இலக்கங்கள் யாவும் துருசின் திறப்பைப் போன்றவை. பணம் உள்ளே வருவதற்கு அவை வேண்டியதில்லை.

எவருக்கும் கொடுக்கலாகாதவை

1. ஏ.ரி.எம். அட்டையின் முன்புறத்து நீண்ட இலக்கம், அது காலாவதியாகும் மாதமும் ஆண்டும், பின்புறத்துள்ள மூன்று இலக்கங்கள். அட்டையின் படத்தையும் அனுப்பலாகாது.

2. அட்டையின் இரகசிய இலக்கமும், இணைய வங்கிச் சேவையின் கடவுச்சொல்லும்.

3. வங்கியிலிருந்து குறுஞ்செய்தியாக வரும் ஒருமுறைக் குறியீடு. இதனை ஓ.ரி.பி. என்பர். கணக்கிலிருந்து பணம் வெளியேறும் வேளையிலோ, பிறிதொரு தொலைபேசியிலிருந்து அக்கணக்கை இயக்க முயலும் வேளையிலோ இது வருவது வழக்கம். இதனைச் சொல்லுமாறு கேட்பவர் தம்மை வங்கி முகாமையாளர் என்று கூறினும் சொல்லலாகாது.

4. வாட்ஸ்அப் நிறுவனம் அனுப்பும் ஆறு இலக்கக் குறியீடு. இதனைப் பெற்றவர் உமது பெயரிலேயே உறவினரிடமும் அயலவரிடமும் அவசரக் கடன் கேட்பார். அவர்களும் நீர் கேட்டதாக நம்பிப் பணம் அனுப்புவர்.

5. தேசிய அடையாள அட்டை, வங்கிப் புத்தகம், காணி அனுமதிப் பத்திரம் ஆகியவற்றின் படங்கள். "நீர் உண்மையான கமக்காரர்தானா என்று அறியவேண்டும்" எனக் கொள்வனவாளர் கேட்பின், வயலையும் விளைபொருளையும் நேரில் வந்து பார்க்கும்படி அழைத்தல் தகும்.

அடையாள அட்டை இலக்கத்தில் ஒருவர் பிறந்த ஆண்டும் நாளும் அடங்கியுள்ளன. 2016ஆம் ஆண்டு முதல் வழங்கப்படும் 12 இலக்க அட்டையில் முதல் நான்கு இலக்கங்களும் பிறந்த ஆண்டேயாம். ஆதலால், பிறந்த ஆண்டை இரகசிய இலக்கமாக வைத்திருப்போர் அதனை உடனே மாற்றுதல் வேண்டும்.

வஞ்சகர் கையாளும் வழிகள்

ஒருவர் பத்து மூடை நெல்லுக்கு விலை பேசுகின்றார் எனக் கொள்வோம். சொன்ன விலைக்கு மறுபேச்சின்றி உடன்படுவார். சிறிது நேரத்தில், பணம் வைப்பிலிட்டதாக ஒரு பற்றுச்சீட்டின் படம் வரும். தவறுதலாகக் கூடுதலான தொகை இட்டுவிட்டதாகவும், மிகுதியை உடனே திருப்பி அனுப்புமாறும் அவர் மன்றாடுவார். உண்மையில் அவர் ஒரு சதமும் இட்டிருக்க மாட்டார். திருப்பி அனுப்பும் காசு கமக்காரரின் சொந்தக் காசேயாகும்.

வேறு சிலர், பணத்தைப் பெறுவதற்கு இவ்விணைப்பை அழுத்துக என்று செய்தி அனுப்புவர். அழுத்தினால் வங்கியின் பக்கம்போலத் தோன்றும் போலிப் பக்கம் திறந்து, அட்டை இலக்கத்தைக் கேட்கும்.

இந்தியாவிலும் இதுபோன்ற மோசடிகள் பெருகின. படைவீரர் போல நடித்துப் பழைய பொருள்களுக்கு விலை பேசுவோர், ஒரு கியூஆர் குறியை அனுப்பி, "இதனைப் படம்பிடித்து இரகசிய இலக்கத்தை இட்டால் பணம் வரும்" என்றனர். இட்டவர்களின் பணம் வெளியேறியது. அந்நாட்டில் தனியாள் ஒருவர் மற்றொருவரிடம் பணங்கேட்டு அனுப்பும் கோரிக்கை முறையும் இவ்வாறே தவறாகப் பயன்படுத்தப்பட்டமையால், அம்முறை 2025 ஒக்ரோபர் 1 முதல் நிறுத்தப்பட்டது. நாடு வேறாயினும் பாடம் ஒன்றே. பணம் பெறுபவர் இரகசிய இலக்கம் இடவேண்டியதில்லை.

பணம் சேர்ந்ததை உறுதிசெய்தல்

பற்றுச்சீட்டின் படத்தை நம்பிப் பொருளை ஏற்றலாகாது. கைத்தொலைபேசிக்கு வந்த குறுஞ்செய்தியும் போலியாக இருத்தல் கூடும். வங்கிச் செயலியிலோ, ஏ.ரி.எம். இயந்திரத்திலோ, கிளையிலோ மீதியைத் தாமே பார்த்த பின்னரே பார ஊர்திக்குப் பொருளை விடுதல் வேண்டும். 2015ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட லங்காபே உடனடிப் பணமாற்று முறையில் ஒரு வங்கியிலிருந்து மற்றொரு வங்கிக்குப் பணம் பொதுவாக உடனேயே சேரும். ஆதலால், சிறிது பொறுத்துப் பார்ப்பதால் நட்டமில்லை. காசோலையாயின் அது தேறும் வரை காத்திருத்தல் வேண்டும்.

முற்காப்பு முறைகள்

விற்பனைக்கென வேறொரு சேமிப்புக் கணக்கைத் திறத்தல் மிகச் சிறந்த முறையாகும். கொள்வனவாளருக்கு அக்கணக்கிலக்கத்தை மாத்திரம் கொடுத்து, வந்த பணத்தைக் காலந்தாழ்த்தாது முதன்மைக் கணக்கிற்கு மாற்றுக. ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலுக்கும் குறுஞ்செய்தி வருமாறு வங்கியிற் பதிவுசெய்க. தொலைபேசி இலக்கத்தை மாற்றினால் வங்கிக்கு அறிவிக்க மறவற்க. கைவிட்ட இலக்கம் பின்னர் வேறொருவருக்கு வழங்கப்படலாம். கடையிலுள்ள கணினியில் வங்கிக் கணக்கைத் திறவாதிருத்தல் நன்று. பிள்ளைகள் தொலைபேசியை இயக்கும் வீடுகளில், இவ்விதிகளை அவர்களுக்கும் கூறி வைத்தல் அவசியம்.

இழப்பு நேரின் செய்யவேண்டியவை

வெட்கத்தினால் மறைத்தல் கூடாது. முதலில் வங்கிக்குத் தொலைபேசியிற் கூறி அட்டையையும் கணக்கையும் நிறுத்துவிக்க. வங்கியின் இலக்கத்தை அட்டையின் பின்புறத்திலோ வங்கிப் புத்தகத்திலோ பார்த்து முன்னரே எழுதி வைத்தல் நலம். வந்த செய்திகளை அழியாது பொலிஸ் நிலையத்தில் முறையிடுக. 2006ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கக் கொடுப்பனவுச் சாதன மோசடிகள் சட்டமும், 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டமும் இத்தகைய செயல்களைக் குற்றமாகக் கொள்கின்றன. இலங்கைக் கணினி அவசர உதவிப் பிரிவை 101 என்னும் இலக்கத்தில் அழைத்து ஆலோசனை பெறலாம். வங்கி தகுந்த பதில் அளியாவிடின், மத்திய வங்கியின் 1935 என்னும் இலக்கத்தில் முறையிடலாம்.

வேலி அடைத்த பின்னரே கமக்காரர் மரக்கறி நாற்றை நடுகின்றார். அவ்வாறே, விற்பனைக்குப் படம் இடுமுன்னர் கணக்கிற்கு வேண்டிய காவலைச் செய்து முடித்தல் வேண்டும். ஐயம் ஏற்படின், பொருளை ஏற்றுமுன் தம் பகுதி விவசாயப் போதனாசிரியரையோ வங்கிக் கிளையையோ நேரில் அணுகுமாறு கமக்காரர் கேட்டுக்கொள்ளப்படுகின்றனர்.