தெருவில் இறங்கிய இணையம் - 7: பெட்டி சொல்லும் பணம்

வெள்ளிக்கிழமை சாயந்தரம் மயிலாப்பூர் தெற்கு மாட வீதியில் நின்று பேச இடம் கிடைக்காது. பூக்கார அம்மா மல்லிச் சரத்தை முழங்கையில் அளந்து, இரண்டு முழம் நறுக்கி, இலையில் வைத்துக் கட்டுகிறார். வாங்கியவர் போனை நீட்டி க்யூஆர் அட்டையை ஸ்கேன் செய்கிறார். கூடையோரம் இருக்கும் சின்னப் பெட்டி, "அறுபது ரூபாய் பெறப்பட்டது" என்கிறது. அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அதற்குள் கை அடுத்த முழத்துக்குப் போய்விட்டது.

யுபிஐ வந்தது 2016-ல். அந்த நவம்பரில் 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாமல் போனதும், பிறகு கொரோனாவும் அதைத் தெருவுக்குக் கொண்டுவந்தன. ஆனால் எழுதப் படிக்கத் தெரியாதவருக்குத் துணிச்சல் தந்தது இந்தப் பேசும் பெட்டிதான். அதற்கு முன்பு, பணம் போட்டாயிற்று என்று யார் எதைக் காட்டினாலும் நம்பித்தான் ஆகவேண்டும்.

"இந்தக் காசெல்லாம் எங்கேக்கா போகுது?" என்று கேட்டேன்.

"பையன் கணக்குக்குப் போகுது. ராத்திரி கேட்டா எடுத்துக் குடுப்பான்."

குடுக்கிற பிள்ளைதான், அவர் குறை சொல்லவில்லை. எனக்குத்தான் மனசு ஆறவில்லை. 2014-ல் ஜன்தன் திட்டத்தில் அவர் பெயரிலேயே கணக்குத் திறந்திருக்கிறார்கள். அன்றைக்கு வீட்டில் இருந்த போன் பையனுடையது. அந்த நம்பரையே எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ஓடிபி வருவதும் அவனுக்கு, மெசேஜ் வருவதும் அவனுக்கு. கடைசியில் க்யூஆர் அட்டையையும் அவன் கணக்கிலேயே வாங்கிவிட்டார்கள்.

கஷ்டம் சாயந்தரம்தான் தெரிகிறது. தண்டல்காரர் கையில் காசு கேட்கிறார். விடியற்காலை கோயம்பேட்டில் பூ எடுக்கவும் கொஞ்சமாவது ரொக்கம் வேண்டும். நாளெல்லாம் வியாபாரம் நடந்தும் சுருக்குப் பையில் நோட்டு இருப்பதில்லை. அதனால் மறுபடியும் தண்டல். 2020 ஜூனில் தெரு வியாபாரிகளுக்காக ஸ்வநிதி திட்டம் வந்தபோது முதல் கடன் 10,000 ரூபாய்; டிஜிட்டலில் பணம் வாங்கினால் கேஷ்பேக் வேறு. இவர் வியாபாரமோ பையனின் வரவாகப் பதிவாகிக்கொண்டிருக்கிறது.

இதை மாற்றப் பெரிய போன் வேண்டியதில்லை. தன் பெயரில் ஒரு சிம், வங்கியில் நம்பரை மாற்றி ஒரு விண்ணப்பம், தன் கணக்குக்கு ஒரு க்யூஆர். பெட்டிக்கு அதனுள்ளேயே சிம் இருக்கிறது. பட்டன் போன் வைத்திருப்பவருக்கும் அது பேசும். ஆனால் வங்கி திறந்திருக்கும் பகல்தான் இவர்கள் பூக்கட்டும் நேரம். வாரத்தில் ஒரு சாயந்தரம் வங்கிக்காரர்கள் மாட வீதியிலேயே ஒரு மேஜை போட்டு உட்கார்ந்தால் எத்தனை பேருக்கு உதவும்! 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத் தொகை தொடங்கியபோது அரசு ஊர் ஊராக முகாம் நடத்தித்தான் விண்ணப்பம் வாங்கியது. அந்த ஆயிரம் ரூபாய் பெண்களின் சொந்தக் கணக்கில்தான் விழுகிறது. மாட வீதியில் மட்டும் ஏன் முடியாது?

நாலு கடை தள்ளி வெற்றிலை விற்கும் அம்மாவை அவர் மகள் ஒருநாள் கடையை மூட வைத்து வங்கிக்கு அழைத்துப் போயிருக்கிறார். இப்போது அட்டையில் அவர் பெயர். தண்டல் நின்றுவிட்டதா என்று கேட்டேன்.

"எங்க நிக்குது? வாங்கத்தான் செய்யறேன். இப்போ வாரத்துக்கு எவ்வளவு வருதுன்னு தெரியுது, அதனால கம்மியா வாங்கறேன்."

(தொடரும்)