அட்ஜஸ்ட்: அருகில் வருவதா, பின்னால் போவதா?



மாலை ஆறு மணிக்குமேல் சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் நோக்கிப் புறப்படும் மின்சார ரயிலில் பயணம் செய்தோர் யாவரும் ஒரு வாக்கியத்தைத் தவறாமல் கேட்டிருப்பீர்கள். மாம்பலத்தில் கூட்டம் ஏறும். மூவர் அமரும் இருக்கையின் ஓரத்தில் நான்காமவர் ஒருவர் வந்து நிற்பார். "சார், கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க" என்பார். சன்னலோரம் இருப்பவர் செய்தித்தாளை மடிப்பார்; நடுவில் இருப்பவர் பையைத் தூக்கி மடிமீது வைத்துக்கொள்வார்; மூன்றாமவர் சற்று உள்ளே நகர்வார். வந்தவருக்கு அரை இருக்கையாவது கிடைத்துவிடும். கிண்டி, பரங்கிமலை, பல்லாவரம், குரோம்பேட்டை எனக் கடந்து ரயில் தாம்பரத்தை அடைவதற்குள், அந்நால்வரும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து உறங்குவதையும் நாம் கண்டதுண்டு.

ஏறக்குறைய 30 கிலோமீட்டர் நீளமுள்ள இத்தடத்தில் 1931-ஆம் ஆண்டு மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. அந்நாளில் இரு தண்டவாளங்களுக்கும் இடைப்பட்ட அகலம் ஒரு மீட்டரே. 2004-ஆம் ஆண்டில் இத்தடத்தின் மீட்டர் பாதை ரயில்கள் ஓய்வு பெற்றன. இன்று ஓடுவன யாவும் 1676 மில்லிமீட்டர் அகலப்பாதை ரயில்கள். பாதை அகன்றது, நெரிசல் குறையவில்லை. ஆதலால் அந்த வாக்கியமும் மறையவில்லை.

வியப்பு யாதெனில், ஆங்கிலம் ஒரு சொல்லும் கற்றறியாத காய்கறிக்காரம்மாவும் இந்த ஆங்கில வினைச்சொல்லை அறிவார் என்பதே. சில்லறை இல்லாத கடைக்காரர் மிட்டாயை நீட்டி "அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க" என்கிறார். மிதிவண்டிக் கடையில் பிரேக்கை அட்ஜஸ்ட் செய்கிறார்கள். கோடையில் தண்ணீர் லாரி வராதபோது, மேல் வீட்டாரும் கீழ் வீட்டாரும் இரண்டிரண்டு குடங்களாக அட்ஜஸ்ட் செய்துகொள்கிறார்கள். மகளைக் கட்டிக்கொடுத்த தாய், புகுந்த வீட்டு வாசலில் அவள் காதருகே குனிந்து, "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மா" என்று கண்ணீரோடு சொல்லிச் செல்கிறாள்.

ரயிலில் கேட்கும் சொல்லும் வாசலில் கேட்கும் சொல்லும் ஒன்றுதானா? இவ்வினாவை நாம் வெகு நாள் எழுப்பியதில்லை. எழுப்பும்படி நம்மை வற்புறுத்திய நிகழ்ச்சியைப் பின்னர் கூறுவோம். அதற்கு முன் இச்சொல்லின் பிறப்பை ஆராய்வது நலம்.

சொல்லின் பிறப்பும் சுற்றமும்

குருமடத்தில் நாம் கற்ற சிறிதளவு இலத்தீன் இங்கே துணைக்கு வருகிறது. அம்மொழியில் 'யுக்ஸ்தா' என்றொரு சொல் உண்டு. 'அருகில்', 'பக்கத்தில்' என்பது அதன் பொருள். 'நோக்கி' எனப் பொருள்படும் 'அத்' என்னும் முன்னொட்டு அதனோடு கூடி, 'அருகில் கொண்டுவருதல்' என்னும் வினை பிற்கால இலத்தீனில் உண்டாயிற்று. அது பழைய பிரெஞ்சு மொழியில் 'ஒன்றுசேர்த்தல்' என்னும் பொருளில் வழங்கி, பதினான்காம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்தை அடைந்தது. இன்றைய பிரெஞ்சு மொழியிலும் இதன் உடன்பிறப்பாகிய 'அஜூதே' என்னும் சொல் 'கூட்டுதல், சேர்த்தல்' என்னும் பொருளில் வாழ்ந்துகொண்டிருக்கிறது.

'யுக்ஸ்தா'வுக்கும் ஒரு மூதாதை உண்டு. 'இணைத்தல்' என்னும் பொருளுடைய மிகப் பழைய வேரொன்றிலிருந்து அது கிளைத்தது. அதே வேரிலிருந்துதான் நுகத்தடியைக் குறிக்கும் இலத்தீன் 'யூகும்', ஆங்கில 'யோக்', வடமொழி 'யோகம்' ஆகியவை பிறந்தன. திருமணத்தை இலத்தீனில் 'கொன்யூஜியும்' என்பர். ஒரே நுகத்தில் இணைதல் என்பது அதன் உட்பொருள். இரண்டு காளைகளும் தோள் கொடுத்தால்தான் ஏர் நகரும். ஒன்று நின்றுவிட்டால் மற்றொன்றின் கழுத்துதான் புண்ணாகும். இதனை உழவர் குடியில் பிறந்த எவருக்கும் விளக்க வேண்டியதில்லை.

இச்சுற்றத்தில் விபரீதமான உறவினர் ஒருவரும் இருக்கிறார். இடைக்கால ஐரோப்பாவில் இரு வீரர்கள் குதிரைமீது அமர்ந்து, நீண்ட ஈட்டியுடன் ஒருவரையொருவர் நோக்கிப் பாய்ந்து மோதுவர். அப்போரைக் குறிக்கும் 'ஜவ்ஸ்ட்' என்னும் ஆங்கிலச் சொல்லும் 'யுக்ஸ்தா'வின் வழித்தோன்றலே. அருகில் வருவது அணைப்பதற்காகவும் இருக்கலாம், மோதுவதற்காகவும் இருக்கலாம். இல்லறத்தில் இருப்போர் இதனையும் அறிவர்.

தவறாகக் கருதப்பட்ட தாய்

இச்சொல்லின் வாழ்வில் ஓர் அழகிய தவறும் நேர்ந்தது. இலத்தீனில் 'யுஸ்துஸ்' என்றால் நீதியுள்ளவர். ஓசை ஒத்திருந்தமையால், 'அட்ஜஸ்ட்' என்பது இந்த 'யுஸ்துஸ்' வயிற்றில் பிறந்தது என்று மக்கள் கருதினர். பிறப்பு அதுவன்று, எனினும் அந்தக் கருத்து சொல்லின் பொருளையே வளைத்தது. 'அருகில் கொண்டுவருதல்' என்றிருந்த வினைக்கு, 'சரியாக்குதல், முறைப்படுத்துதல், அளவுக்குக் கொண்டுவருதல்' என்னும் பொருள்கள் ஏறின. கணக்கரின் ஏட்டிலும் கடிகாரம் பழுதுபார்ப்பவரின் மேசையிலும் இன்றுவரை வழங்குவது அப்பொருளே.

பழங்கால நாணயச் சாலைகளில் இத்தொழிலுக்கென்றே ஆட்கள் இருந்தனர். முத்திரை குத்துமுன் வெள்ளி வில்லைகளையும் பொன் வில்லைகளையும் ஒவ்வொன்றாகத் தராசில் இடுவர். எடை மிகுந்த வில்லையை அரத்தால் தேய்த்து அளவுக்குக் கொண்டுவருவர். எடை குறைந்ததைத் தேய்த்துப் பயனில்லை. அதனை மீண்டும் உருக்கிப் புதிதாக வார்ப்பர். அரம் பட்ட தடம் சில பழைய நாணயங்களில் இன்றும் தெரிகிறது. அன்பர்களே, இந்த ஒரு செய்தியை நினைவில் வையுங்கள்: அரம் தொட்டது கனத்த வில்லையையே.

'சூழ்நிலைக்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்ளுதல்' என்னும் பொருள், அதாவது நாம் மிகுதியாக வழங்கும் பொருள், இச்சொல்லின் பிள்ளைகளுள் இளையது. இருபதாம் நூற்றாண்டில்தான் அது ஆங்கிலத்தில் வேரூன்றியது.

தமிழில் நாம் ஏற்றிய சுமை

இந்த இளைய பொருளுக்கு நாம் வழங்கிவந்த பழைய சொல் 'அனுசரி' என்பது. அது வடசொல். 'அனு' என்றால் பின். 'சரி' என்பது செல்லுதலைக் குறிக்கும் வேரிலிருந்து வந்தது. ஆகவே அனுசரித்தல் என்பது பின்னே செல்லுதல். கட்டளையை அனுசரிக்கலாம், திருநாளை அனுசரிக்கலாம். அங்கெல்லாம் அது தகும். 'அனுசரணை' என்னும் இனிய சொல்லும் அதிலிருந்தே வந்தது. ஆயினும் 'புருஷனை அனுசரித்துப் போ' என்று சொல்லிப் பழகிய நாம், அந்தப் 'பின்னே செல்லுதலை' அப்படியே தூக்கி 'அட்ஜஸ்ட்' என்னும் சொல்லின் தலையில் வைத்துவிட்டோம். அருகில் வரச் சொன்ன சொல்லைப் பின்னால் போகச் சொல்லும் சொல்லாக்கிவிட்டோம்.

நமக்கு வேறு சொல் இல்லாமலில்லை. 'ஒப்புரவு' என்னும் அருஞ்சொல் உண்டு. திருக்குறளின் 22-ஆம் அதிகாரம் 'ஒப்புரவறிதல்'. அங்கு அது ஊரார்க்கு உதவி வாழும் கடமையைக் குறிக்கிறது. திருச்சபை அதே சொல்லை எடுத்து ஒப்புரவு அருட்சாதனத்துக்குப் பெயராக இட்டது. 'ஒப்பு' என்பது அதனுள்ளே இருக்கிறது. ஒருவர் மட்டும் வளைவதால் ஒப்பு உண்டாவதில்லை.

சொல் திரிந்தால் எவ்வளவு தூரம் திரியும் என்பதற்குச் சான்று வேண்டுமா? மலையாளத் திரைத்துறையில் பெண்களின் நிலையை ஆராயக் கேரள அரசு 2017-இல் ஓய்வுபெற்ற நீதிபதி ஹேமா தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. அதன் அறிக்கை 2024 ஆகஸ்டில் வெளியிடப்பட்டது. வாய்ப்புத் தேடி வரும் பெண்களிடம் மானத்தை விலையாகக் கேட்போர் அதற்கு 'அட்ஜஸ்ட்மென்ட்' என்று பெயரிட்டு வழங்குவதை அவ்வறிக்கை பதிவு செய்துள்ளது. அருகில் வருதலையும் நீதியையும் குறித்த சொல் அங்கே அநீதியின் திரைச்சீலையாகித் தொங்குகிறது.

நமது வாயிலும் திரிந்த சொல்

அது திரையுலகின் செய்தி என்று நாம் ஒதுங்கிக்கொள்ள இயலாது. சில ஆண்டுகளுக்கு முன், தாம்பரத்தை அடுத்த ஒரு பங்கில் நாம் பணியாற்றிய காலத்தில், ஞாயிறு திருப்பலி முடிந்ததும் ஓர் இளம் தாய் குழந்தையுடன் நம்மைக் காண வந்தார். தையல் வேலைக்குச் செல்பவர். "ஃபாதர், சம்பளத்தை மொத்தமா வாங்கிக் குடிச்சிடறார். கேட்டா அடிக்கிறார்" என்றார். நமக்கோ அன்று ஒரு ஞானஸ்நானமும் ஒரு கூட்டமும் காத்திருந்தன. "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிப் போம்மா. எல்லாம் சரியாகிடும்" என்று சொல்லி, தலையில் கைவைத்து ஆசீர்வதித்து அனுப்பினோம். அவ்வாண்டில் மேலும் இருமுறை வந்தார். இருமுறையும் அதே சொல்லைத்தான் கொடுத்தோம்.

நான்காம் முறை வந்தபோது மணிக்கட்டில் கட்டு இருந்தது. அழவில்லை. "அம்மா அட்ஜஸ்ட் பண்ணச் சொன்னாங்க. மாமியார் சொன்னாங்க. அன்பியத்துல சொன்னாங்க. நீங்களும் சொன்னீங்க. எல்லாரும் சொன்னதை நான் செஞ்சேன் ஃபாதர். அவர்கிட்ட யாராவது ஒருத்தர் சொன்னீங்களா?" என்று கேட்டார்.

நம்மிடம் விடையில்லை. அம்மனிதர் ஞாயிறுதோறும் ஆலயத்துக்கு வருபவர். வாசலில் நமக்குத் தோத்திரம் சொல்பவர். ஒருநாளேனும் அவரை அழைத்து நாம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கனத்த வில்லையை விட்டுவிட்டு, ஏற்கெனவே தேய்ந்த வில்லையை அல்லவா நாம் மூன்றுமுறை அரத்தால் தேய்த்தோம்!

அதன்பின் செய்தவை தாமதமாகச் செய்தவையே. அப்பெண்ணும் குழந்தையும் தாய்வீடு சென்றனர். பங்குப் பெரியவர் இருவருடன் நாம் கணவரைக் கண்டு பேசினோம், பலமுறை பேசினோம். குடியை விட்டார், மீண்டும் தொட்டார். இன்றும் அவர்கள் சேர்ந்து வாழவில்லை. குழந்தை பள்ளிக்குச் செல்கிறது. முதல் ஞாயிறன்றே நாம் அவரை அழைத்திருந்தால் என்னவாகியிருக்கும் என்னும் எண்ணம் நம்மை விட்டு அகலவில்லை.

இனி என்ன செய்வோம்?

குடும்பத்தில் அட்ஜஸ்ட் செய்வதே தவறு என்று நாம் சொல்ல வரவில்லை. அது இன்றி ஒரு நாளும் இல்லறம் நடவாது. மாமியாரின் சமையலுக்கு மருமகள் பழகுவதும், மருமகளின் வேலை நேரத்துக்கு மாமியார் பழகுவதும், கடைசி ரயிலில் வரும் மனைவிக்குக் கணவன் சோறு வடித்து வைப்பதும் அதுவே. ஆனால் அறிவுரை சொல்லுமுன் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இந்த இருக்கையில் இதுவரை நகர்ந்தவர் யார்? ஒருவரே நகர்ந்து நகர்ந்து விளிம்புக்கு வந்திருந்தால், அடுத்த முறை நகர வேண்டியவர் மற்றவர். மணமக்களுக்கான தயாரிப்பு வகுப்பில் இப்போது நாம் இக்கேள்வியை மணமகனிடமே முதலில் கேட்கிறோம்.

அடியும் உதையும் அட்ஜஸ்ட் செய்யக்கூடியவை அல்ல என்பதையும் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைக் காக்கும் சட்டம் 2005-இல் இயற்றப்பட்டது. 181 என்னும் எண்ணில் பெண்கள் உதவி கோரலாம். திருச்சபைச் சட்டத்தின் 1153-ஆம் எண்ணும், துணைவரால் தமக்கோ பிள்ளைகளுக்கோ உடலிலோ உள்ளத்திலோ பெருந்தீங்கு நேருமானால் பிரிந்து வாழ இடமளிக்கிறது. ஆயர் அனுமதி பெறும்வரை காத்திருப்பது ஆபத்தாகுமெனில், உடனே விலகிக்கொள்ளலாம் என்றும் அது கூறுகிறது. திருத்தந்தை பிரான்சிஸ் 2016-ஆம் ஆண்டின் 'அன்பின் மகிழ்ச்சி' மடலில், இத்தகைய பிரிவு சில வேளைகளில் அறநெறிப்படி அவசியமாகவே ஆகலாம் என்று எழுதினார். இவற்றை அறியாமல், 'திருமணம் பிரிக்க முடியாதது' என்று மட்டும் சொல்லித் துன்பத்துக்குள் திருப்பி அனுப்புவது நமது வேலையன்று.

முடிவாக ஒன்று. யோவான் நற்செய்தியின் 19-ஆம் அதிகாரத்தில், ஆண்டவரின் சிலுவை அருகே அன்னை மரியா நின்றதைக் கூறும் இடத்தில், இலத்தீன் மொழிபெயர்ப்பு வழங்கும் சொல் 'யுக்ஸ்தா' என்பதே. அங்கு நின்றவர்களால் சிலுவையை அகற்ற இயலவில்லை. ஆயினும் தொலைவில் நின்றுகொண்டு, 'பொறுத்துக்கொள்' என்று அவர்கள் சொல்லவில்லை. அருகில் வந்து நின்றார்கள்.

நமது பங்கு இல்லத்து வராந்தாவில் ஒரு பெஞ்சு உண்டு. இப்போதெல்லாம் யாரேனும் குடும்பத் துயரத்தோடு வந்தால், மேசைக்குப் பின்னால் அமராமல் அந்தப் பெஞ்சில் சென்று அமர்கிறோம். சொல்வதை முழுதும் கேட்கிறோம். பின்னர், வந்தவரின் சம்மதத்தோடு, மற்றவருக்கு ஆளனுப்புகிறோம். உங்கள் மகளோ, மருமகளோ, பக்கத்து வீட்டுப் பெண்ணோ உங்களிடம் இப்படி வந்து நின்றால், 'அட்ஜஸ்ட் பண்ணிக்கோ' என்று வாய் திறக்குமுன், நீங்களும் சற்று நகர்ந்து அவருக்கு உட்கார இடம் கொடுங்கள்.