வறண்ட ஊருக்கு வாய்த்த ஈர மலை

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து இராஜபாளையம் செல்லும் பேருந்தில் வலப்பக்கச் சன்னலோரம் அமர்ந்த பிள்ளை, "அத்தா, அந்த மலையில் என்ன இருக்கிறது?" என்று கேட்டால் நீங்கள் என்ன விடை சொல்வீர்கள்? "காடு இருக்கிறது, யானை இருக்கிறது" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குத் திரும்பிவிடுவோம். நம்மில் பெரும்பாலோருக்கு அந்த மலையைப் பற்றி அதற்கு மேல் தெரியாது. ஆனால் நம் வீட்டுக் குடங்கள் நிறைவதும் நிறையாமல் போவதும் அந்த மலையைப் பொறுத்தே அமைகின்றன. அங்கு நாட்கணக்கில் நடந்து சென்று வனவிலங்குகளை எண்ணி வருகிறார்கள். அந்தக் கணக்கு நம்மையும் தொடும் கணக்கு என்பதைச் சற்றே பொறுமையுடன் படித்துப் பாருங்கள்.

வெயிலை நம்பிய தொழில்

நமது சிவகாசி வட்டாரம் மழை குறைந்த கரிசல் பூமி. 1922-ஆம் ஆண்டு அய்ய நாடார், சண்முக நாடார் ஆகிய இருவரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தனர். அத்தொழில் இங்கே வேரூன்ற இந்த வறண்ட வெயிலே துணை நின்றது. குச்சியும் காய வேண்டும், மருந்தும் காய வேண்டும். மழை பெய்தால் வேலை நிற்கும், கூலியும் நிற்கும். ஆகவே, வானம் கறுத்தால் கவலைப்படுகிற மக்களாக நாம் ஆகிவிட்டோம்.

ஆயினும் வெயிலை நம்பி உழைக்கும் நாம் குடிப்பது மழைநீரைத்தானே! சிவகாசிக்குக் குடிநீர் தரும் வெம்பக்கோட்டை அணை வைப்பாற்றின் குறுக்கே கட்டப்பட்டது. அந்த வைப்பாறு மேற்கு மலைச் சரிவுகளில் பிறக்கிறது. இராஜபாளையத்தின் குடிநீர் அய்யனார் கோவில் ஆற்றிலிருந்து வருகிறது. வத்திராயிருப்பு வயல்களுக்குப் பிளவக்கல் அணைகள் நீர் தருகின்றன. இவை அனைத்திற்கும் தாய்வீடு அந்த மலையே. அதன் வடபகுதியான மேகமலையோ வைகைக்கு நீர் சுரந்து, மதுரை முதல் இராமநாதபுரம் வரையுள்ள ஊர்களை வாழ வைக்கிறது.

அடிவாரத்திலிருந்து மேகம் வரை

1988-ஆம் ஆண்டு இம்மலைப் பகுதி சாம்பல் நிற அணில்கள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2021-ஆம் ஆண்டு மேகமலைச் சரணாலயத்துடன் இணைத்து, ஏறத்தாழ 1016 சதுர கிலோமீட்டர் பரப்பில் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம் உருவாயிற்று. இது தமிழகத்தின் ஐந்தாவது, இந்தியாவின் ஐம்பத்தோராவது புலிகள் காப்பகமாகும்.

செண்பகத்தோப்பு அடிவாரத்தில் நின்று அண்ணாந்து பாருங்கள். மாவும் புளியும் கிளை கோத்து நிற்கும் தோப்புகளில், ஒரு பூனையளவு நீளமான உடலும் அதே அளவு நீண்ட வாலும் கொண்ட சாம்பல் நிற அணில் தாவிச் செல்லும். தென்னிந்தியாவின் சில காடுகளிலும் இலங்கையிலும் மட்டுமே வாழும் உயிரினம் அது. பெரும்பாலும் தரையில் இறங்காது. கிளைக்குக் கிளை தாவியே வாழ்க்கையை நடத்தும். இடையில் இரண்டு மரங்களை வெட்டிவிட்டால் அதன் பாதையே அறுந்துவிடுகிறது.

மேலே ஏற ஏற முட்புதர்க் காடு மறைந்து இலையுதிர் காடும், அதற்கு மேல் பசுமைமாறாக் காடும் வருகின்றன. ஏறத்தாழ 2000 மீட்டர் வரை உயரும் இம்மலையின் உச்சிப் பகுதிகளில் புல்வெளிகளும், அவற்றின் மடிப்புகளில் சோலைக் காடுகளும் உள்ளன. மேகம் அங்கே மரங்களின் மீதே வந்து படிகிறது. மழை பெய்யாத நாளிலும் இலையும் பாசியும் மேகத்தின் ஈரத்தைத் துளித்துளியாகப் பிடித்து மண்ணுக்குத் தருகின்றன. புல்லின் வேர்கள் அந்நீரைத் தாங்கி, மழைக்காலம் முடிந்த பின்னும் ஓடைகளில் சிறிது சிறிதாக விடுகின்றன. கோடையிலும் ஓடை ஈரமாக இருப்பதன் காரணம் இதுவே.

மூன்று நாள் நடை

அப்புல்வெளிகளில் வாழ்வது தமிழகத்தின் மாநில விலங்கான வரையாடு. 'வரை' என்றால் மலை. சங்கப் புலவர்களும் அறிந்திருந்த இவ்விலங்கு, இன்று உலகிலேயே தமிழகத்திலும் கேரளத்திலும் உள்ள மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டுமே எஞ்சியுள்ளது. இதனைக் காப்பதற்கென நீலகிரி வரையாடு திட்டத்தைத் தமிழக அரசு 2022-ஆம் ஆண்டு அறிவித்தது. அதன்படி 2024 ஏப்ரல் 29 முதல் மூன்று நாட்கள் ஒரே நேரத்தில் எல்லா மலைகளிலும் கணக்கெடுப்பு நடந்தது.

இந்த நடை எப்படிப்பட்டது? பாதை என்று ஒன்று இல்லாத இடங்களில் வனக் காவலர்களும், வேட்டைத் தடுப்புக் காவலர்களும், தன்னார்வலர்களும் அரிசி, பருப்பு, போர்வை ஆகியவற்றைச் சுமந்து ஏறுகின்றனர். காட்டைத் தம் வீடாக அறிந்த பளியர் மக்கள் இம்மலையின் அடிவாரங்களில் வாழ்கின்றனர். எந்த ஓடையில் நீர் நிற்கும், எந்தத் தடத்தில் யானை வரும் என்பதை அவர்களே நன்கு அறிவர். கால்களில் அட்டை கடிக்கும். மூடுபனி இறங்கினால் பத்தடி தூரத்தில் நிற்பவரும் தெரியமாட்டார். அது விலகும்வரை பாறையோரம் காத்திருக்க வேண்டியதுதான்.

எண்ணும் முறையும் அறிவுபூர்வமானது. ஒரு குழு சென்ற வழியிலேயே சற்று இடைவெளி விட்டு மற்றொரு குழு செல்லும். இரண்டும் தனித்தனியே குறித்துக்கொள்ளும். பிறகு இரு ஏடுகளையும் ஒப்பிடுவர். இருவரும் கண்டவை எத்தனை, ஒருவர் மட்டுமே கண்டவை எத்தனை என்று பார்த்தால், இருவர் கண்ணிலும் படாமல் தப்பியவை எத்தனை இருக்கலாம் என்பதையும் கணிக்க முடியும். "நாம் பார்த்ததே முழு உண்மை" என்று எண்ணாத அந்த அடக்கம் நமக்கும் பாடமன்றோ!

2024-இல் தமிழகம் முழுவதும் 140 பகுதிகளில் 1031 வரையாடுகள் கணக்கிடப்பட்டன. 2025-இல் 177 பகுதிகளில் 1303 என்று கணக்காயிற்று. கூடுதலான பகுதிகளில் தேடியதால் எண்ணிக்கை உயர்ந்திருக்கலாம் என்பதையும் மறந்துவிடக் கூடாது. எப்படிப் பார்த்தாலும் தமிழகத்தின் மொத்த வரையாடுகள் நம் ஊர்த் தெரு ஒன்றின் மக்கள்தொகைக்குச் சமம், அவ்வளவுதான்!

ஆட்டை எண்ணி ஆவதென்ன?

இக்கேள்வி நியாயமானதே. வரையாடு திறந்த புல்வெளியையும் செங்குத்தான பாறையையும் விட்டு வாழாது. வேற்றுநாட்டு மரங்கள் படர்ந்து புல்வெளி மறைந்தால் அதுவும் மறைந்துவிடும். மரம் நடுவதெல்லாம் நன்மையே என்று எண்ணுகிறோம். ஆனால் நீலகிரியிலும் பழனி மலையிலும் புல்வெளிகளில் நடப்பட்ட சீகை மரங்களும் தைல மரங்களும் அப்புல்வெளிகளையே விழுங்கிவிட்டன. ஆகவே வரையாடு இருக்கிறது என்றால் புல்வெளி இருக்கிறது என்று பொருள். புல்வெளி இருந்தால் நம் ஓடைகளுக்கு நீர் உண்டு.

தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலையிலும் இத்தகைய புல்வெளிகளும் மேகக் காடுகளும் உள்ளன. ஈக்வடார் நாட்டின் தலைநகரான கீட்டோ அவற்றின் நீரையே பருகுகிறது. 2000-ஆம் ஆண்டு அந்நகரத்தார் ஒரு நிதியம் தொடங்கினர். குடிநீர் வாரியத்தின் வருவாயில் ஒரு பங்கு, நீர் பிறக்கும் மலையைக் காக்க அந்நிதியத்திற்குச் செல்கிறது. நாமோ குழாயில் நீர் வராத நாளில் நகராட்சியைத் திட்டுகிறோம். மலையை நினைக்கிறோமா?

இம்மலை இன்னும் எத்தனை செல்வங்களை மறைத்து வைத்துள்ளதோ! 1948-இல் மேகமலையில் பிடிக்கப்பட்ட ஒரு பழந்தின்னி வௌவால், சாதாரண வௌவால் என்ற பெயரிலேயே பம்பாய் அருங்காட்சியகத்தில் கிடந்தது. 1972-இல் தாய்லாந்து அறிஞர் ஒருவர் அதனை ஆராய்ந்து, உலகம் அதுவரை அறியாத இனம் என்று கண்டார். நம் நாட்டின் பறவையியல் மேதை சலீம் அலியின் பெயரையே அதற்குச் சூட்டினார். சிறு வயதில் பெற்றோரை இழந்து, மாமன் வீட்டில் வளர்ந்து, ஒரு சிட்டுக்குருவியின் மீது கொண்ட வியப்பால் உலகப் புகழ் பெற்றவர் சலீம் அலி. அவர் பெயரைத் தாங்கிய உயிரினம் நம் மலையில் வாழ்கிறது என்பதை நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவர்?

ஒரு தீக்குச்சி போதும்

2018 மார்ச் மாதம், தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காய்ந்த புல்லில் பரவிய தீயில், மலையேறச் சென்றவர்களில் 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். படித்த, துணிவுள்ள இளைஞர்கள் பலர். கோடையில் புல்மலை என்பது தீக்குக் காத்திருக்கும் பஞ்சு மூட்டை. உலகுக்கே தீப்பெட்டி தந்த நமக்கு, ஒரு குச்சியின் வலிமையை வேறெவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. நாம் செய்த குச்சியே நம் நீர்த்தொட்டியை எரிக்குமானால் அதைவிடக் கைச்சேதம் வேறுண்டோ!

ஆகவே வாசகர்களே, மலைக்குச் செல்லும்போது தீப்பெட்டியையும் பீடியையும் பிளாஸ்டிக் பையையும் வீட்டிலேயே விட்டுச் செல்லுங்கள். அடிவாரத்தில் தோப்பு வைத்திருப்போர், கிளை கோத்து நிற்கும் மரங்களை வெட்டுமுன் ஒருமுறை சிந்தியுங்கள். அனுமதியின்றிக் காட்டுக்குள் நுழையாதீர்கள். 2024 முதல் தமிழக வனத்துறை விருதுநகர் மாவட்டம் உட்பட 40 பாதைகளில், உள்ளூர் வழிகாட்டிகளுடன் முறையான மலைநடைக்கு வழி செய்துள்ளது. பிள்ளைகளை ஒருமுறை அழைத்துச் செல்லுங்கள்.

சமையலுக்கு ஒரு குடம், ஒளுச் செய்ய ஒரு குவளை என்று எடுக்கும்போதெல்லாம், மேகத்துக்குள் ஏடும் எழுதுகோலுமாக நடந்து செல்லும் அந்த மனிதர்களை நினைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை பேருந்தில் உங்கள் பிள்ளை, "அத்தா, அந்த மலையில் என்ன இருக்கிறது?" என்று கேட்டால், "நாம் குடிக்கும் தண்ணீர் அங்கேதான் இருக்கிறது, மகனே" என்று சொல்லுங்கள்.